பத்து கிகாபிட் அட்டையும் சோம்பிக் கிடந்த ஏழு கோர்களும்

கொக்குவிலில் திருமண வீடியோ தொகுக்கும் கலையகம் ஒன்று. அங்குள்ள லினக்ஸ் சேமிப்புக் கணினி, 10 கிகாபிட் அட்டை இருந்தும் கோப்புகளைப் பெறும்போது 3 கிகாபிட்டைத் தாண்ட மறுத்தது. கேபிளை மாற்றிப் பார்த்தும் பலனில்லை.

‘டாப்’ கட்டளை குட்டை உடைத்தது: வந்து சேரும் பாக்கெட்டுகளைக் கவனிக்கும் கர்னல் வேலையான கேசாஃப்ட்ஐஆர்க்யூடி, செயலியின் எட்டு கோர்களில் ஒன்றை முழுதாக விழுங்கிக்கொண்டிருந்தது, மற்ற ஏழும் சும்மா இருந்தன. இன்டரப்ட், அதாவது வேலை வந்திருப்பதாக அட்டை கோருக்குத் தரும் அழைப்பு; அதன் பட்டியலிலும் அட்டைக்குரிய எண்ணிக்கை முதல் கோருக்கான நெடுவரிசையில் மட்டுமே ஏறியது. 1500 பைட் பாக்கெட்டுகள் முழு 10 கிகாபிட் வேகத்தில் நொடிக்கு எட்டு லட்சத்துக்கு மேல் வரும். கடிதத்துக்குக் கடிதம் தபால்காரர் மணியடித்தால் வீட்டில் வேறு வேலை நடக்குமா? பாக்கெட்டுகளைக் கொத்தாக எடுக்கும் லினக்ஸின் நாப்பி முறை மணியடிப்பைக் குறைக்கும்தான். ஆனால் சுமை முழுவதும் ஒரே கோரின் தலையில் விழுந்தால் அதுவும் என்ன செய்யும்?

பாக்கெட்டுகளைக் கோர்களுக்குப் பிரித்துத் தரும் அட்டையின் வரிசைகளை யாரோ முன்பு ஒன்றாகச் சுருக்கி வைத்திருந்தார்கள். அட்டையின் அமைப்புகளை மாற்றும் ஈத்டூல் கட்டளையில் அவற்றை எட்டாக்கினேன், இன்டரப்ட்களைக் கோர்களுக்குப் பகிரும் ஐஆர்க்யூபேலன்ஸை இயக்கினேன், இன்டரப்ட் தருமுன் அட்டை காத்திருக்கும் நேரமான ஆர்எக்ஸ்-யூசெக்ஸை 50 மைக்ரோநொடி ஆக்கி, பாக்கெட்டுகள் காத்திருக்கும் பெறும் வளையத்தை 512 இடங்களிலிருந்து 4096க்கு உயர்த்தினேன். வலையமைப்பு வேகத்தை அளக்கும் ஐபெர்ஃப்3 பல இணைப்புகளில் 9.4 கிகாபிட் காட்டியது. ஒற்றை இணைப்பில் சோதித்து ஏமாறாதீர்கள், அது ஒரே வரிசைக்குத்தான் போகும். பிங் தாமதம் சற்றுக் கூடியது. வீடியோ கோப்புக்கு அது பொருட்டே இல்லை. மறுதொடக்கத்தில் இவை அழிந்துவிடும் என்பதால் கணினி தொடங்கும்போதே தானாக இயங்கும் சிஸ்டம்டி சேவையாக எழுதி வைத்தேன்.