நாற்பது வயதில் எம்.எஸ்.டபிள்யூ.: கிறிஸ்தவக் கல்லூரியில் சேருவது முதல் களப்பணி ரிப்போர்ட் வரை

எம்.எஸ்.டபிள்யூ., அதாவது சமூகப்பணி முதுகலை, படிக்க வயது வரம்பு கிடையாது. பி.காம்., பி.எஸ்சி., பி.ஏ. தமிழ் என்று எந்தப் பட்டம் இருந்தாலும் விண்ணப்பிக்கலாம். முப்பத்தைந்து, நாற்பது வயதில் வருபவர்கள் முதலில் கேட்பது, "இந்த வயசுல பாடம் மண்டையில ஏறுமா?" ஏறும். ஆளைத் திணறடிப்பது களப்பணிதான். அது வாரத்தில் இரண்டு முழு நாட்களை எடுத்துக்கொள்ளும். அந்த இரண்டு நாளுக்கு வீட்டிலும் வேலையிடத்திலும் வழி செய்துவிட்டால் படிப்பில் பாதி முடிந்த மாதிரி.

தாம்பரம் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி, சென்னை லயோலா, பெண்களுக்கான ஸ்டெல்லா மாரிஸ், திருச்சி பிஷப் ஹீபர், பெங்களூரு கிறைஸ்ட் பல்கலைக்கழகம் என்று நம் பக்கத்தில் இந்தப் படிப்பு வேரூன்றிய கிறிஸ்தவ நிறுவனங்கள் பல உண்டு. இந்தியாவின் முதல் சமூகப்பணிப் பள்ளி 1936இல் மும்பையில் தொடங்கியபோது அதன் முதல் இயக்குநராக இருந்த கிளிஃபோர்ட் மான்ஷார்ட், நாக்பாடாவில் தொழிலாளர் குடியிருப்புகளுக்கு நடுவே சேவை மையம் நடத்திய அமெரிக்க மிஷனரி. ஆகவே இந்தத் துறைக்கும் திருச்சபைக்கும் உள்ள உறவு பழையது.

நேரக் கணக்கு

படிப்பு இரண்டு ஆண்டு, நான்கு செமஸ்டர். பெரும்பாலான கல்லூரிகளில் வாரம் மூன்று நாள் வகுப்பு, இரண்டு நாள் களப்பணி. களப்பணி நாளில் ஏஜென்சியில், அதாவது மருத்துவமனை, குழந்தைகள் இல்லம், தொண்டு நிறுவனம் போன்ற இடத்தில், ஏழெட்டு மணி நேரம் இருக்க வேண்டும். வாரத்துக்குச் சுமார் 15 மணி நேரம். அன்றிரவே ரிப்போர்ட் எழுத இன்னும் ஒன்றரை, இரண்டு மணி நேரம். ஒரு செமஸ்டருக்குக் களப்பணி மட்டும் முப்பது நாளைத் தொடும். போகவர பஸ், ரயில் செலவை அந்த முப்பதால் பெருக்கிப் பாருங்கள். கட்டணம் விசாரிக்கும்போது செமஸ்டர் கட்டணத்தோடு நிறுத்தாமல் தேர்வுக் கட்டணம், கேம்ப் (கிராம முகாம்) செலவு, ஆய்வேடு அச்சு, பைண்டிங் வரை கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

பலர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. 'இரண்டாவது ஷிப்ட்' என்று பார்த்ததும் பகலில் வேலை, பிற்பகலில் வகுப்பு என்று கணக்குப் போட்டுவிடுவார்கள். வகுப்புக்கு அது சரி. ஆனால் ஏஜென்சி காலை பத்துக்குத் திறந்து மாலை ஐந்துக்கு மூடும். களப்பணிக்கு ஷிப்ட் கிடையாது. வேலையை விடாமல் படிக்க வேண்டுமென்றால் வாரம் இரண்டு பகல் விடுப்பு தரும் முதலாளியோ, வாரக்கடைசியிலும் மாலையிலும் செய்யக்கூடிய வேலையோ தேவை. அரசு ஊழியர்கள் சேருவதற்கு முன்பே துறையின் அனுமதியை எழுத்தில் வாங்கிவிடுங்கள். பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்று விட்டால் பதவி உயர்வு நேரத்தில் பட்டம் செல்லாக்காசாகி நிற்கும். இப்படி விடுப்போ மாற்று வேலையோ கிடைக்காதவர்களுக்கு இக்னோ என்னும் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் தொலைநிலை எம்.எஸ்.டபிள்யூ. இருக்கிறது, அதிலும் களப்பணி கட்டாயம்.

75 சதவீத அட்டெண்டன்ஸ் என்பது வகுப்புக்கு. அது கொஞ்சம் குறைந்தால் அபராதம் கட்டித் தேர்வு எழுத வழியுண்டு. களப்பணியில் அந்தச் சலுகையை எதிர்பார்க்காதீர்கள். விட்ட நாளை வேறொரு நாளில் போய் ஈடுகட்டச் சொல்வார்கள்.

சான்றிதழ்கள்

கல்லூரியை விட்டுப் பதினைந்து வருடமான பிறகு விண்ணப்பிக்கும்போது இடிப்பது மதிப்பெண் அல்ல, காகிதம். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, மூன்றாண்டுப் பட்டம் என்ற வரிசை இருக்கிறதா என்று பாருங்கள். பிளஸ் டூ இல்லாமல் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் நேரடியாகப் பட்டம் வாங்கியவர்களுக்குத் தமிழ்நாடு அரசு வேலையில் சிக்கல் வரும். கடைசியாகப் படித்த கல்லூரியின் டி.சி. அசல் வேண்டும். வேறு பல்கலைக்கழகம் என்றால் மைக்ரேஷன் சான்றிதழும் சேரும். தொலைந்திருந்தால் காவல் நிலையத்தில் புகார் கொடுத்து, கண்டுபிடிக்க முடியவில்லை என்ற சான்று வாங்கி, அதை வைத்து நகல் கேட்க வேண்டும். இதற்கு வாரக்கணக்கில் ஆகும் என்பதால், ஏப்ரல், மே மாதத்தில் விண்ணப்பம் வரும் என்றால் ஜனவரியிலேயே பீரோவைத் திறந்து பாருங்கள். திருமணத்துக்குப் பின் பெயரோ இன்ஷியலோ மாறிய பெண்கள், ஆதாரும் மதிப்பெண் பட்டியலும் ஒரே பெயரில் இருக்கின்றனவா என்று எழுத்து எழுத்தாகச் சரிபார்க்க வேண்டும்.

உதவித்தொகைக்குக் குடும்ப வருமானம் ஆண்டுக்கு 2.5 லட்சத்துக்குள் என்ற வரம்பு பொதுவாக இருக்கிறது. பட்டியல் சாதியிலிருந்து கிறிஸ்தவத்துக்கு மாறியவர்களின் பிள்ளைகளுக்குப் பட்டியல் சாதிச் சான்று கிடைக்காது என்றாலும், ஆதிதிராவிடர் நலத்துறையின் மாநில உதவித்தொகை உண்டு. தெரியாமலேயே பலர் இதை விட்டுவிடுகிறார்கள்.

மதம் பற்றி வரும் சந்தேகங்கள்

கிறிஸ்தவர் அல்லாதவர்கள் சேரலாம், சேருகிறார்கள். சிறுபான்மை நிறுவனம் என்பதால் கணிசமான இடங்கள் கிறிஸ்தவ மாணவர்களுக்கென்று ஒதுக்கப்பட்டிருக்கும், மற்ற இடங்களுக்குப் போட்டி கூடும், அவ்வளவுதான். கிறிஸ்தவராக விண்ணப்பிப்பவர்கள் ஞானஸ்நானச் சான்றிதழ், பங்குத்தந்தை அல்லது போதகரின் கடிதம் இரண்டையும் தயாராக வைத்திருங்கள். காலை ஜெபக்கூட்டம், விழுமியக் கல்வி வகுப்பு போன்றவை நடக்கும். அரசு அங்கீகாரமோ அரசு உதவியோ பெற்ற நிறுவனத்தில், விருப்பமில்லாத யாரையும் வழிபாட்டில் கலந்துகொள்ளச் சொல்ல முடியாது என்று அரசியல் சட்டத்தின் 28(3) பிரிவே சொல்கிறது. விழுமியக் கல்வி பாடத்திட்டத்தில் மதிப்பெண்ணோடு வரும் தாள் என்றால் அதை எழுதத்தான் வேண்டும். அது வழிபாடு ஆகாது.

விசுவாசத்தோடு வருபவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஊழியம் செய்யும் மனதோடு இந்தப் படிப்புக்கு வருவது நல்லதுதான். ஆனால் களப்பணியில் போதிக்கக் கூடாது. துன்பத்தில் இருப்பவர் உங்களை நம்பி இருக்கும் நேரத்தில் மதத்தைப் பேசினால், அவரால் வேண்டாம் என்று சொல்ல முடியாது. அவராகவே ஜெபம் வேண்டுமென்று கேட்டால், மிஷன் மருத்துவமனைகளில் நோயாளிகளுக்காக ஜெபிக்க இருக்கும் சாப்ளின் என்னும் போதகரிடம் அனுப்பிவையுங்கள்.

நேர்முகத் தேர்வில் "ஏன் இப்போது?" என்ற கேள்வி நிச்சயம் வரும். 'சேவை செய்ய ஆசை' என்ற பதில் யாரிடமும் எடுபடாது. உங்கள் தெருவில், வேலையில், குடும்பத்தில் பார்த்த ஒரு பிரச்சினையைச் சொல்லி, அதற்கு எந்த அலுவலகம் என்ன செய்தது, எங்கே நின்றுபோனது என்று சொல்லுங்கள். மகளிர் குழுவில் கணக்கு எழுதியிருந்தால், பள்ளி மேலாண்மைக் குழுவில் இருந்திருந்தால் அதைச் சொல்லுங்கள்.

ரிப்போர்ட் எழுதுவது

பாடத்தாள்கள் பெரும்பாலும் ஐந்து யூனிட் கொண்டவை, படித்தால் எழுதிவிடலாம். களப்பணி மதிப்பெண் ரிப்போர்ட்டையும், வாராவாரம் ஆசிரியரோடு நடக்கும் ஐ.சி. என்னும் தனிச் சந்திப்பையும், செமஸ்டர் முடிவில் வரும் வைவா என்னும் வாய்மொழித் தேர்வையும் வைத்தே விழும். ரிப்போர்ட் எழுதத் தெரியாமல் போனால் நல்ல வேலை செய்தவரும் பின்தங்கிவிடுவார்.

முதியோர் இல்லத்தில் ஒரு நாள். வழக்கமாக எழுதப்படும் ரிப்போர்ட் இப்படி இருக்கும்: "இன்று பாட்டி ஒருவரிடம் பேசி ஆறுதல் கூறினேன். கவுன்சலிங் கொடுத்தேன். அவர் மகிழ்ச்சியடைந்தார்." இதைப் படிக்கும் ஆசிரியருக்கு எதுவும் தெரியாது. என்ன பேசினீர்கள், அவர் மகிழ்ந்தது எப்படித் தெரிந்தது, அடுத்த முறை என்ன செய்யப் போகிறீர்கள், ஒன்றும் இல்லை.

அதே நாளை இப்படி எழுதலாம்: "12.40 மணி. 'க' (72) சாப்பாட்டுத் தட்டை ஓரமாகத் தள்ளி வைத்திருந்தார். 'சாப்பிடலையாம்மா?' என்றேன். 'பல்லு இல்லாதவளுக்கு இந்தச் சோறு எதுக்கு' என்றார். சோறு விறைப்பாக இருந்தது. சமையல்காரரிடம் கேட்டதற்குக் குழைய வடிப்பது உடம்பு சரியில்லாதவர்களுக்கு மட்டும் என்றார். அடுத்த முறை: பல் இல்லாதவர்கள் எத்தனை பேர் என்று பட்டியல் எடுத்து சூப்பர்வைசரிடம் பேச வேண்டும்." பத்து வரிக்குள் பார்த்தது, கேட்டது, செய்தது, செய்யப்போவது நான்கும் வந்துவிட்டன. பெயருக்குப் பதில் ஒரு எழுத்து இருப்பதையும் கவனியுங்கள். எந்த ரிப்போர்ட்டிலும் உண்மைப் பெயரும் முகவரியும் வரக் கூடாது.

ஆங்கிலத்தில் எழுதச் சொல்லும் கல்லூரியாக இருந்தால், பஸ்ஸில் திரும்பும்போதே அவர்கள் சொன்ன வார்த்தைகளைத் தமிழில் அப்படியே சின்ன நோட்டில் குறித்துவிடுங்கள். வீட்டுக்கு வந்து மொழிபெயர்த்துக்கொள்ளலாம். ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து இரண்டு நாளையும் சேர்த்து எழுதுவோம் என்று நினைத்தால், பேச்சு மறந்து 'கவுன்சலிங் கொடுத்தேன்' மட்டும்தான் மிஞ்சும்.

வயது உதவும் இடமும் கெடுக்கும் இடமும்

இருபத்தோரு வயது மாணவி வீட்டு வாசலில் நின்றால் "யாரும்மா நீ?" என்பார்கள். நாற்பது வயதுப் பெண் நின்றால் "வாங்கக்கா, உள்ள வாங்க" என்பார்கள். கதவு சீக்கிரம் திறக்கிறது. உள்ளே போனதும் உங்கள் வாயும் சீக்கிரம் திறந்துவிடும், அதுதான் ஆபத்து. குடிக்கும் கணவனைப் பற்றி அழுகிற பெண்ணிடம் "பிள்ளைங்களுக்காகப் பொறுத்துப் போம்மா" என்று வந்துவிடும். வாழ்ந்த அனுபவத்தில் பேசுகிறோம் என்று தோன்றும். ஆனால் அங்கே அவர் முடிவை நீங்கள் எடுத்துவிட்டீர்கள்.

சிகாகோ லயோலா பல்கலைக்கழகத்தில் சமூகப்பணி கற்பித்த ஃபெலிக்ஸ் பீஸ்டெக் என்ற இயேசு சபைக் குரு 1957இல் ஏழு கோட்பாடுகளை வகுத்தார். ஒவ்வொருவரையும் தனி மனிதராகப் பார்ப்பது, உணர்வைக் கொட்ட இடம் தருவது, நம் உணர்வைக் கட்டுக்குள் வைத்து ஈடுபடுவது, உள்ளபடி ஏற்றுக்கொள்வது, குற்றம் குறை தீர்ப்புச் சொல்லாதது, முடிவை அவரிடமே விடுவது, ரகசியம் காப்பது. முதல் செமஸ்டரிலேயே இது பாடமாக வரும், தேர்விலும் வரும். வயதில் மூத்த மாணவர்களுக்குக் கடினமானவை கடைசிக்கு முந்தைய மூன்று. பயிற்சிக்கு ஒரு எளிய வழி இருக்கிறது: அறிவுரை நாக்கு நுனிக்கு வரும்போதெல்லாம் "இதுவரைக்கும் என்னென்ன செஞ்சு பாத்தீங்க?" என்று கேளுங்கள். அடுத்து என்ன செய்வது என்பது அவர் பதிலுக்குள்ளேயே பெரும்பாலும் இருக்கும்.

இன்னொரு தவறு பர்ஸ். சம்பாதித்துப் பழகிய கை, மருந்துக்கு ஐந்நூறு ரூபாய் கொடுத்துவிடும். அடுத்த வாரம் முதல் நீங்கள் அவருக்குக் கடன் கொடுத்தவர், உண்மையைப் பேசமாட்டார். பணம் தேவை என்றால் ஏஜென்சி வழியாகவோ அரசுத் திட்டம் வழியாகவோ மட்டும் ஏற்பாடு செய்யுங்கள்.

ரகசியம் காப்பதற்கும் எல்லை உண்டு. குழந்தை மீதான பாலியல் குற்றம் தெரியவந்தால் புகார் செய்வது போக்சோ சட்டப்படி கட்டாயம். மாணவர் என்ற விலக்கு கிடையாது. அன்றே ஏஜென்சி சூப்பர்வைசரிடமும் கல்லூரி ஆசிரியரிடமும் சொல்லுங்கள். குழந்தைகளுக்கான உதவி எண் 1098உம் இருக்கிறது.

கேம்ப், ஆய்வேடு

ரூரல் கேம்ப் ஏழு முதல் பத்து நாள். பள்ளிக்கூடத் தரையில் படுக்கை, பொதுச் சமையல், மாலையில் வீதி நாடகம். பி.பி., சர்க்கரை மாத்திரைகளைப் பதினைந்து நாளுக்கு எடுத்துச் செல்லுங்கள். முதுகு வலி உள்ளவர்கள் முன்கூட்டியே ஆசிரியரிடம் சொல்லிவிட்டால் கணக்கு, பொருள் பொறுப்பு மாதிரி வேலை தருவார்கள்.

ஆய்வேட்டுக்கு அனுமதிக் கடிதம்தான் தாமதம். அரசு மருத்துவமனை என்றால் டீன், அரசுப் பள்ளி என்றால் முதன்மைக் கல்வி அலுவலர் என்று கையெழுத்துக்கு நடக்க வேண்டும். மூன்றாவது செமஸ்டர் முடிவதற்குள் கடிதத்தைக் கொடுத்துவிடுங்கள்.

எந்தச் சிறப்புப் பிரிவு

இரண்டாம் ஆண்டுக்கு முன் வேலையை மனதில் வைத்துத் தேர்வு செய்யுங்கள். 500 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் தொழிற்சாலையில் நல அலுவலர் இருக்க வேண்டும் என்று 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 49ஆம் பிரிவு சொன்னது; அதன் இடத்தில் 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத்தொகுப்பு அந்த எண்ணை 250 ஆக்கியிருக்கிறது. அந்த வேலைக்கு உங்கள் கல்லூரியின் மனிதவளப் பிரிவு அரசு அங்கீகாரம் பெற்றதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். மனநலத் துறையில் 'மனநல சமூகப் பணியாளர்' என்று அழைக்கப்பட 2017 மனநலப் பராமரிப்புச் சட்டப்படி எம்.எஸ்.டபிள்யூ.வுக்குப் பிறகு இரண்டாண்டு முழுநேர எம்.ஃபில். தேவை. நாற்பதில் தொடங்கினால் நாற்பத்து நான்கு ஆகும் என்று தெரிந்தே இறங்குங்கள். பாதுகாப்பு தேவைப்படும் குழந்தைகளைப் பற்றி முடிவெடுக்கும் குழந்தைகள் நலக் குழுவின் உறுப்பினருக்கோ வயது முப்பத்தைந்துக்கு மேல் இருக்க வேண்டும், குழந்தைகளோடு ஏழு ஆண்டுப் பணி அனுபவம் வேண்டும். பள்ளி ஆசிரியராக இருந்துவிட்டு வருபவர்களுக்கு இது பொருத்தமான வாசல்.

கடைசியாக வரும், ஒரே இடத்தில் தொடர்ந்து செய்யும் ஒரு மாதக் களப்பயிற்சியான பிளாக் பிளேஸ்மென்ட்டை வீட்டுக்குப் பக்கம் என்று எடுக்காதீர்கள். வேலைக்குச் சேர விரும்பும் இடத்திலேயே கேட்டு வாங்குங்கள். முதல் வாரத்திலேயே அங்கே எந்தப் பதிவேட்டை யார் எழுதுகிறார்கள், திட்ட நிதி எந்த மாதம் புதுப்பிக்கப்படுகிறது, ஆள் எடுப்பது எப்போது என்று தெரிந்துகொண்டு, அந்த மாதத்துக்குள் எல்லா செமஸ்டரும் சேர்ந்த உங்கள் கன்சாலிடேட்டட் மதிப்பெண் பட்டியலும் ப்ரொவிஷனல் என்னும் தற்காலிகப் பட்டச் சான்றிதழும் கைக்கு வருமா என்று கல்லூரித் தேர்வுப் பிரிவில் கேட்டுவிடுங்கள்.