உறைக்கிணற்றில் முங்கியவர்களின் நினைவுகளைக் கேட்டு எழுதும் முறை

காவிரிப் படுகையில் நீருக்கடியில் குகைகள் இல்லை. கல்லணைக்குக் கிழக்கே எங்கே தோண்டினாலும் மணலும் வண்டலும் களியும் மாறி மாறி வருமே தவிர, மழைநீர் கரைத்துக் குடைந்து வழி உண்டாக்கிக்கொள்ளும் சுண்ணாம்புப் பாறை கிணறு வெட்டும் ஆழத்தில் தட்டுப்படுவதில்லை. ஆனாலும் இருட்டில், கலங்கிய நீரில், மூச்சை அடக்கிக்கொண்டு ஊற்றுக்கண்ணைத் தேடி இறங்கியவர்கள் இங்கே பல ஊர்களில் இருந்தார்கள். கோடையில் உறைக்கிணற்றுக்கு (உறை எனப்படும் வளையங்களை ஒன்றன்மேல் ஒன்றாக இறக்கிக் கட்டிய கிணற்றுக்கு)த் தூர் எடுத்தவர்கள், தவறி விழுந்த குடத்தையும் தவலையையும் முங்கி எடுத்துக் கொடுத்தவர்கள், ஆற்றின் ஆழமான பள்ளமாகிய கசத்தில் மூழ்கியவரின் உடலைத் தேடித் தந்தவர்கள் எல்லாரும் அந்த வகையினர். கைபம்பும் அதன்பின் ஆழ்துளைக் கிணறும் வந்து சேர்ந்தபோது அந்த வேலை அருகியது. செய்தவர்களும் முதுமை அடைந்துவிட்டார்கள். அவர்களிடம் கேட்டு எழுதிவைக்க விரும்புகிறவர்களுக்காக, திருவையாற்றுக்கும் பாபநாசத்துக்கும் இடைப்பட்ட சில ஊர்களில் நான் தட்டுத்தடுமாறிக் கற்றுக்கொண்ட முறையை இங்கே எழுதுகிறேன்.

முதலில் என் தவறு. நான் சந்தித்த முதல் பெரியவரிடம், "உள்ளே என்ன பார்த்தீர்கள்?" என்று கேட்டேன். "உள்ள என்ன தம்பி தெரியும், கண்ண மூடிக்கிட்டுத்தான் போவோம்" என்று சொல்லிவிட்டு அவர் வெற்றிலையை மடிக்கத் தொடங்கினார். அத்துடன் அன்றைய பேச்சு முடிந்தது. தவறு கேள்வியில் இருந்தது. கிணற்றின் அடியில் படிந்திருக்கும் வண்டல், இறங்குகிறவரின் கால் பட்ட கணத்திலேயே கிளம்பிவிடும். அதன்பின் அவருக்குக் கண் என்று ஒன்று இல்லை, கையும் காலும் இடுப்புக் கயிறும்தான். ஆகவே கண்ணைக் கேட்காமல் கையைக் கேட்க வேண்டும். அடுத்த முறை போனபோது, "கையில் முதலில் என்ன தட்டுப்பட்டது?" என்று கேட்டேன். அதே பெரியவர் ஒரு மணி நேரம் நிறுத்தாமல் பேசினார். உறைக்கு உறை பாசியின் வழுவழுப்பு எப்படி மாறும், குடம் கவிழ்ந்து கிடந்தால் எப்படி, நிமிர்ந்து கிடந்தால் எப்படி, சேற்றுக்கும் களிக்கும் விரலில் என்ன வேறுபாடு, ஊற்றுக்கண்ணுக்கு மேலே காலை வைத்தால் உள்ளங்காலில் மணல் எப்படிக் கொதிக்கும் என்பதெல்லாம் அந்த ஒரு கேள்விக்கு வந்த பதில்கள்.

அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில், நன்னீர் ஊற்றுகளுக்கு உள்ளே செல்லும் சுண்ணாம்புப் பாறைக் குகைகளில் முழுகி ஆராய்ந்த முன்னோடிகளுக்கும் இதே நிலைதான் இருந்தது. ஊற்று வாயில் கண்ணாடி போலத் தெளிந்திருக்கும் நீர், உள்ளே துடுப்புக் காலணி ஒருமுறை அடியைத் தொட்டுவிட்டால் சேற்றுக் குழம்பாகிவிடும். விளக்கு கையில் இருந்தும் பயன் இருக்காது. அதனால் அவர்கள் நுழைவாயிலிலிருந்து அறுபடாத ஒரு கயிற்றை இழுத்துக்கொண்டே போய், திரும்பும்போது அதைக் கையால் தடவிக்கொண்டே வெளியேறப் பழகினார்கள். அந்தக் கயிற்றில் பத்தடிக்கு ஒரு முடிச்சு போட்டிருந்தால் அதுவே அளவுகோலும் ஆகும். எண்ணிய முடிச்சுகளைக் கொண்டு குகையின் வரைபடத்தைத் தாளில் ஏற்றலாம். அவர்களில் ஒருவரான ஷெக் எக்ஸ்லி தம் முழுக்குகளை எண்ணி எழுதிவைத்தவர். 1972இல், 23 வயதில், ஆயிரமாவது குகை முழுக்கை எட்டினார். நம் ஊர்க்காரர்கள் எண்ணி எழுதவில்லை. அந்த வேலையை நாம் இப்போது, காலந்தாழ்த்தி, செய்கிறோம்.

காலத்தைத் தேர்ந்தெடுப்பதில் கவனம் தேவை. ஆற்றில் தண்ணீர் ஓடும்போது யாருக்கும் கிணற்று நினைவு வராது. மேட்டூரில் வழக்கமாக ஜூன் 12 அன்று தண்ணீர் திறப்பார்கள் என்பதால், அதற்கு முந்தைய பங்குனி, சித்திரை, வைகாசி மாதங்கள்தான் ஏற்றவை. தூர் எடுத்ததும் அந்த மாதங்களில்தான், ஏனெனில் அப்போதுதான் கிணற்றில் நீர்மட்டம் இறங்கியிருக்கும். அறுவடையும் முடிந்திருக்கும், பெரியவர்கள் திண்ணையில் இருப்பார்கள். காலையில் போவது நல்லது. பேச்சை வீட்டுக்குள் தொடங்கினாலும், அரை மணிக்குள் கிணற்றடிக்கு நகர்ந்துவிட வேண்டும். பயன்பாட்டில் இல்லாத கிணறாக இருந்தாலும், பாதி குப்பையால் தூர்ந்திருந்தாலும், அதன் கைப்பிடிச் சுவரில் கை வைத்தவுடன் அவர்கள் நினைவு வேறு விதமாகத் திறக்கிறது. சிலருக்கு அந்தக் கிணறே இடிக்கப்பட்டு மேலே வீடு எழும்பியிருக்கும். அப்போது தரையில் சுண்ணாம்புக் கட்டியால் ஒரு வட்டம் போட்டு, அதனுள் அவரை நிற்கச் சொன்னால் போதும். எனக்கு இது முதலில் விளையாட்டாகப் பட்டது. ஆனால் வட்டத்துக்குள் நின்ற ஒருவர் தாமாகவே குனிந்து, இடது கையால் சுவரைத் தடவுவது போலக் காற்றைத் தடவிக்கொண்டே பேசியதைக் கண்டபின் ஐயம் போய்விட்டது.

எதைக் காட்டச் சொன்னாலும், மறுபடி இறங்கிக் காட்டச் சொல்லாதீர்கள். நீங்களும் இறங்காதீர்கள். நெடுநாள் மூடிக் கிடந்த கிணற்றின் அடியில் கரியமில வாயு தேங்கியிருக்கும்; சாக்கடை கலந்த கிணற்றில் அதைவிடக் கொடிய வாயுக்களும் இருக்கலாம். இறங்கியவர் மயங்கி விழ, அவரைத் தூக்கப் போனவரும் விழுந்து, அடுத்தடுத்து உயிர் போகும் செய்தியை நாம் ஆண்டுதோறும் படிக்கிறோம். பழைய ஆட்கள் அரிக்கேன் விளக்கைக் கயிற்றில் கட்டி இறக்கிப் பார்த்ததையும், வேப்பங்கொத்தை மேலும் கீழுமாக இழுத்துக் காற்றைக் கலக்கியதையும் சொல்வார்கள். அவற்றை நினைவாக எழுதுங்கள், வழிமுறையாக எழுதாதீர்கள். பிராணவாயு குறைந்திருந்தால் விளக்கு அணைந்து எச்சரிக்கும், ஆனால் நச்சு வாயு எல்லாவற்றையும் அது காட்டிக்கொடுக்காது.

எடுத்துக்கொண்டு போக வேண்டிய பொருள்களில் முதன்மையானது கயிறு. கைப்பேசியில் ஒலிப்பதிவு செய்யலாம், குறிப்பேடு கட்டாயம் வேண்டும், ஆனால் பத்துப் பதினைந்து அடி நீளக் கயிறு ஒன்று இல்லாமல் நான் இப்போது எங்கும் போவதில்லை. இடுப்பில் எந்த முடிச்சுப் போட்டார்கள், நீரில் ஊறியபின் அதை எப்படி அவிழ்த்தார்கள், குடத்தின் கழுத்தில் சுருக்கை எப்படி மாட்டினார்கள் என்பதை வாயால் விளக்கச் சொன்னால் திணறுவார்கள். கயிற்றைக் கையில் கொடுத்தால் விரல்கள் சொல்லிவிடும். அதைப் படமெடுத்துக்கொள்ளுங்கள். கிணற்றில் விழுந்ததைக் கயிற்றில் இறக்கி மாட்டி எடுக்கும் கொக்கிக் கொத்தாகிய பாதாளக் கரண்டி இன்னமும் அந்த வீட்டில் இருந்தால் அதையும் கேட்டு வாங்கிப் பாருங்கள். கரண்டி இருக்கும்போது ஆள் ஏன் இறங்கினார் என்று கேட்பது நல்ல கேள்வி: வாய் கீழாகக் கவிழ்ந்து சேற்றில் புதைந்த குடத்தில் கொக்கி மாட்டாது என்ற விடையிலிருந்து அடுத்த கதை தொடங்கும்.

அளவுகளை மீட்டருக்கு மாற்றி எழுதிவிடும் ஆசை நமக்கு வரும். சொன்னபடியே எழுதி, மாற்றிய கணக்கைப் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். உறைக்கிணற்றின் ஆழத்தை உறை எண்ணிக்கையில்தான் சொல்வார்கள்: "பதினெட்டு உறைக் கிணறு, ஒம்போதாவது உறையில தண்ணி." சுட்ட மண் உறைக்கும் பின்னால் வந்த சிமெண்ட் உறைக்கும் உயரம் வேறு, ஊருக்கு ஊரும் வேறு. மேலே தெரியும் ஓர் உறையை அளந்து குறித்துக்கொண்டால் மீதியைக் கணக்கிடலாம். நீரின் ஆழம் ஆள் மட்டத்தில் வரும், கயிற்றின் நீளம் பாகத்தில் வரும். இரு கைகளையும் விரித்த அகலமாகிய பாகம் ஏறக்குறைய ஆறடி என்றாலும், சொல்கிறவரின் கையை விரிக்கச் சொல்லி அளந்துகொள்வதே சரி, ஏனெனில் அன்று கயிற்றை அளந்தது அந்தக் கைகள்தான். உறை நகர்ந்த நிகழ்ச்சி எதுவும் உண்டா என்றும் மறவாமல் கேளுங்கள். மணற்பாங்கான நிலத்தில் அடி உறைக்குக் கீழே அளவுக்கு மேல் மணலை வாரிவிட்டால் உறை வரிசை இறங்கும், அல்லது ஒருபக்கம் சாயும். உள்ளே ஆள் இருக்கும்போது அது நடந்தால் என்ன என்பதை அவர்களே சொல்லட்டும்.

இனி, பலரும் விட்டுவிடுகிற ஒன்று. இறங்கியவரிடம் மட்டும் கேட்டால் பாதி நினைவுதான் கிடைக்கும். மேலே கயிறு பிடித்தவர் ஒருவர் இருந்தார். பெரும்பாலும் தம்பி, மைத்துனர், அல்லது மனைவி. அவரைத் தனியாகக் கேட்க வேண்டும். கீழே இருந்தவருக்கு நேரம் தெரியாது, மேலே இருந்தவருக்கு அது மட்டும்தான் தெரியும். கயிற்றைச் சுண்டும் சைகையும் ஊருக்கு ஊர் மாறுகிறது. ஓர் ஊரில் ஒரு சுண்டு என்றால் "இன்னும் இறக்கு", ஆற்றுக்கு அக்கரையில் ஒரு சுண்டு என்றால் "தூக்கு". இந்தச் சிறு வேறுபாடு எத்தகைய பொருள் உடையது என்பதற்கு ஒரு பழைய சான்று உண்டு. 1946 ஆகஸ்டில் பிரெஞ்சு முழுக்காளர்களான ழாக் குஸ்தோவும் பிரெதெரிக் துமாவும் தெற்கு பிரான்சில் உள்ள வோக்ளூஸ் ஊற்றுக்குள் இறங்கி, உள்ளே மதி மயங்கி, உயிர் தப்பியதே பெரிது என்ற நிலையில் மேலே வந்தார்கள். குஸ்தோ கயிற்றை இழுத்துக் காட்டிய சைகையை மேலே இருந்தவர் கூடுதல் கயிறு கேட்பதாக எடுத்துக்கொண்டு கயிற்றை விட்டுக்கொண்டிருந்தார். மயக்கத்தின் காரணமும் பிறகுதான் தெரிந்தது: காற்று நிரப்பிய எந்திரம் தன் புகையையே உள்ளிழுத்து உருளையில் சேர்த்திருந்தது. ஆகவே விபத்து ஒன்றைக் கேட்கும்போது, அந்த நேரத்தில் என்ன நினைத்தீர்கள் என்பதையும், பின்னால் என்ன தெரிந்துகொண்டீர்கள் என்பதையும் இரண்டு கேள்விகளாகப் பிரித்துக் கேட்டு, விடைகளைத் தனித்தனியே எழுத வேண்டும். இரண்டையும் கலந்துவிட்டால் பிற்பாடு பிரிக்க முடியாது. இறங்கியவரும் கயிறு பிடித்தவரும் சொல்வது முரண்பட்டால் இரண்டையும் அப்படியே விட்டுவிடுங்கள். தீர்ப்புச் சொல்வது நம் வேலை அன்று.

ஆண்டுகளைக் கேட்டால் "அது ஆச்சு நாப்பது அம்பது வருஷம்" என்றுதான் வரும். கும்பகோணத்தைச் சுற்றியுள்ளவர்களுக்கு மகாமகம் நல்ல முளைக்குச்சி: 1968, 1980, 1992, 2004, 2016. குளத்துக்கு உள்ளேயே தீர்த்தக் கிணறுகள் இருப்பதால், திருவிழாவுக்கு முன் நடக்கும் துப்புரவுப் பணியைப் பற்றியும் சிலருக்கு நினைவிருக்கும். நாகைப் பக்கம் போனால் 1952 புயல், 1977 புயல், 2004 ஆழிப்பேரலை, 2018 கஜா ஆகியவை பயன்படும். அதற்கு முன்னா, பின்னா, அப்போது மூத்த மகன் பிறந்திருந்தானா என்று கேட்டுக்கொண்டே போனால் இரண்டு மூன்று ஆண்டு இடைவெளிக்குள் கொண்டுவந்துவிடலாம்.

கூலியைப் பற்றிக் கேட்கும்போது குரலைத் தாழ்த்திக்கொள்ளுங்கள். நெல்லாகக் கிடைத்ததா, பணமாகவா, எத்தனை மரக்கால் என்பதை எழுதலாம்; பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம் என்றாலும் மரக்காலின் அளவு இடத்துக்கு இடம் வேறுபடும் என்பதால் எந்த மரக்கால் என்றும் குறியுங்கள். ஆனால் இந்தப் பேச்சு அத்துடன் நிற்காது. தாம் இறங்கித் தூர் எடுத்த கிணற்றில், ஊற்றுக்கண்ணைத் தம் கையாலேயே திறந்துவிட்ட கிணற்றில், மறுநாள் ஒரு குடம் சேந்திக்கொள்ள அனுமதி இல்லாதவர்கள் அவர்களில் பலர். இதை நாமாகத் தோண்டக் கூடாது. அவர்களாகச் சொன்னால் மழுப்பவும் கூடாது. பக்கத்தில் ஊர்ப் பெரியமனிதர் யாராவது துணைக்கு வந்து உட்கார்ந்திருந்தால் இந்தப் பகுதி வெளியே வராது. அதனால் இரண்டாம் முறை, தனியாக, அவர்கள் தெருவில், அவர்கள் வீட்டிலேயே உட்கார்ந்து கேட்க வேண்டும். அங்கே கொடுக்கும் தண்ணீரை வாங்கிக் குடித்துவிட்டுக் கேளுங்கள்.

ஆற்றில் உடல் தேடிய கதைகளை நான் கடைசியில்தான் கேட்பேன். மணல் அள்ளிய பள்ளங்களால் கொள்ளிடத்தில் கசங்கள் இடம் மாறியதை அவர்கள் அளவுக்குத் துல்லியமாகச் சொல்லக்கூடியவர் யாரும் இல்லை. நீரோட்டம், சுழி, உடல் எத்தனை நாளில் எங்கே ஒதுங்கும் என்பதெல்லாம் வரும். ஃபுளோரிடாவில் எக்ஸ்லி 1979இல் எழுதிய சிறு கையேடு உயிரிழப்புகளை ஒவ்வொன்றாக ஆராய்ந்து, தொடர் கயிறு இல்லாமை, திரும்புவதற்கு மூன்றில் இரண்டு பங்கு காற்றை மிச்சம் வைக்காமை, அளவு மீறிய ஆழம் என்று காரணங்களைப் பிரித்துக் காட்டியது. அதுபோல நம் பதிவிலும் காரணம் இருக்கட்டும். இறந்தவரின் பெயரும் வீட்டுப் பெயரும் வேண்டாம்.

ஒலிப்பதிவை அன்றிரவே ஒருமுறை கேட்டு, விளங்காத சொற்களை மட்டும் பட்டியலிடுங்கள். எழுதி முடித்தபின் கட்டாயம் திரும்பப் போய்ப் படித்துக் காட்ட வேண்டும். ஒரு பெரியவர் என் இருபது பக்கத்தையும் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுவிட்டு, "பன்னண்டாவது உறையில ஒரு விரிசல் இருக்குமே, ஆலங்கன்று வேர் விட்டு, அத நீ எழுதலியே" என்றார். அவர் அதை என்னிடம் அதுவரை சொன்னதே இல்லை. அன்று அந்த விரிசலிலிருந்து மேலும் ஆறு பக்கம் வந்தது. ஆகவே படித்துக் காட்டக் கொண்டுபோகும் படியில் ஒவ்வொரு தாளிலும் வலப்பக்கப் பாதியை வெறுமையாக விட்டு எழுதிக்கொண்டு போங்கள். பேனா இரண்டு இருக்கட்டும்.