தோட்டத்துப் பெண்ணின் கிளினிக் நாள்: சுகாதாரப் பணியாளருக்குப் பயிற்சி அளிப்பது எப்படி

இலங்கையின் நுவரெலியா, பதுளை மாவட்டங்களின் தேயிலைத் தோட்டப்புறங்களில் பணிபுரியும் தாதியருக்கும் குடும்பநல உத்தியோகத்தருக்கும் வறுமை, பால்நிலை (ஆண், பெண் என்பதால் சமூகத்தில் வரும் வேறுபாடு) பற்றிப் பயிற்சி அளிக்கப் போகிறவர்கள் வரைவிலக்கணங்களை ஒதுக்கிவிட்டு, ஒரு கணக்கோடு தொடங்குங்கள். கொழுந்து பறிக்கும் பெண் கிளினிக்குக்கு வரும் நாளில் பெரும்பாலும் அவளுக்குப் பேர் போடப்படுவதில்லை; அதாவது, அன்றைய சம்பளம் பதியப்படுவதில்லை. 2024 செப்டெம்பரில் அடிப்படை நாட்சம்பளம் 1350 ரூபாயாக நிர்ணயிக்கப்பட்டது. இலவச வைத்தியத்துக்கு வருகிறவள் முதலில் இழப்பது அன்றைய நாட்சம்பளத்தைத்தான். அதனுடன் பஸ் கட்டணத்தையும், காத்திருக்கும்போது பிள்ளைக்கு வாங்கும் பணிஸையும் சேர்த்து, பயிலுநர்கள் தங்கள் கையாலேயே கூட்டிப் பார்க்கட்டும். பிறகு, "ஒழுங்காக வருவதில்லை" என்று அவளுடைய அட்டையில் எழுதும் வழக்கத்தைப் பற்றிப் பேசுங்கள்.

அடுத்ததாக, லயத்திலிருந்து (தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகளிலிருந்து) வைத்தியசாலைவரை அவர்களை நடக்க வையுங்கள். நேரம் போதாமல் வேறு எதைக் கைவிட்டாலும் இந்த நடையை நான் கைவிடமாட்டேன். மழையில் வழுக்கும் அந்தப் படிகளில் நிறைமாதக் கர்ப்பிணி எப்படி இறங்குவாள் என்பதை வகுப்பறையில் சொல்லிப் புரியவைக்க முடியாது.

இரத்தச்சோகையை எடுத்துக்கொண்டால் பால்நிலை தெளிவாகத் தெரியும். முட்டையும் மீனும் சாப்பிடச் சொல்லும் ஆலோசனையில் தவறில்லை. ஆனால் பொழுது விடியுமுன் எழுந்து சமைத்து, பிள்ளையைத் தோட்டத்துக் குழந்தைகள் பராமரிப்பு நிலையமான பிள்ளைக்காம்பராவில் விட்டு மலைக்குப் போகிறவள், இரவில் எல்லோருக்கும் பரிமாறிய பின் மிஞ்சியதைத்தான் உண்கிறாள் என்றால், அந்த ஆலோசனை அவளிடம் போய்ச் சேராது. ஆகவே "என்ன சாப்பிட்டீர்கள்?" என்பதோடு நிறுத்தாமல், "நேற்றிரவு வீட்டில் கடைசியாகச் சாப்பிட்டது யார்?" என்றும் கேட்கப் பழக்குங்கள். இயன்றால் அடுத்த முறை கணவரையும் மாமியாரையும் அழைத்து, அவர்களைக் குற்றஞ்சாட்டாமல் இதைப் பேச வேண்டும்.

வீட்டு வன்முறை பற்றிக் கேட்பதற்குத் தனியான ஒத்திகை தேவை. பெண் தனியாக இருக்கும்போது மட்டுமே கேட்க வேண்டும். தமிழ் தெரியாத உத்தியோகத்தர், கூட வந்த கணவரையோ பிள்ளையையோ மொழிபெயர்க்கச் சொல்லவே கூடாது. 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம், 1938 என்ற பெண்கள் உதவி இலக்கம், வன்முறைக்குள்ளான பெண்களுக்கு உதவ அரச வைத்தியசாலைகளில் உள்ள "மிதுரு பியச" நிலையங்கள் ஆகியவற்றைப் பயிலுநர்கள் அறிந்திருக்க வேண்டும். எனினும், துண்டுப்பிரசுரத்தைக் கையில் கொடுத்து அனுப்புவது ஆபத்தாகலாம். ஒரே அறையில் குடும்பமே வாழும் லயன் காம்பராவில் அதை மறைத்துவைக்க இடமில்லை. இலக்கத்தை வாயால் சொல்லி மனப்பாடமாக்குவதே நல்லது.

கருத்தடை முறைகளுக்குச் சம்மதம் பெறும்போதும் இதே கவனம் வேண்டும்: அவளுடைய மொழியில், யோசிக்க அவகாசம் கொடுத்து, மறுத்தால் வேறெந்தச் சேவையும் நிறுத்தப்படாது என்று முதலிலேயே சொல்ல வேண்டும்.

பயிற்சி முடியும் நாளில், ஒவ்வொருவரும் தமது கிளினிக்கில் மாற்றப்போகும் ஒரே ஒரு விடயத்தை எழுதித் தரட்டும். அது மருந்துக்கான காத்திருப்பைக் குறைப்பதாகவோ, தோட்ட நிருவாகத்துடன் பேசிக் கிளினிக் நாளுக்குப் பேர் போடவைப்பதாகவோ இருக்கலாம். மூன்று மாதங்களின் பின் அந்தத் தாளோடு திரும்பிச் சென்று, நடந்ததா என்று அங்கு வரும் பெண்களிடமே கேளுங்கள்.