பழைய இலகுரக டாங்கிகளைக் குறைந்த பணத்தில் மேம்படுத்தும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

டாங்கிக்குப் புதிய பீரங்கி பொருத்தினால் அணிவகுப்பில் எல்லோர் கண்ணிலும் படும். ரேடியேட்டரை மாற்றினால் ஓட்டுநருக்கும் பணிமனைக்கும் மட்டும்தான் தெரியும். நிதி குறைவாக உள்ள படைகள் பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான். பணத்தில் பாதி சுடுதிறனுக்குப் போய்விடுகிறது. மிச்சத்தை வைத்து 50 ஆண்டு பழைய கியர்பாக்ஸையும், முறுங்கிக் கொடுத்துச் சக்கரத்துக்கு ஸ்பிரிங்காக வேலை செய்யும் எஃகுத் தண்டான டார்ஷன் பாரையும் தேற்றப் பார்க்கிறார்கள். ஏஎம்எக்ஸ்-13, எம்41, பிடி-76, ஸ்கார்பியன் என்று எந்த வண்டியானாலும் எடை, முறுக்குவிசை, வெப்பம், மின்சாரம் என்ற நான்கு கணக்குகள் உண்டு. புதிதாக ஏறும் ஒவ்வொரு பாகமும் இந்த நான்கில் ஏதோ ஒன்றிலிருந்து கடன் வாங்கும். கணக்குப் பார்க்காமல் பாகம் வாங்குவதுதான் எல்லாத் தவறுகளுக்கும் வேர்.

உடற்கூட்டைச் சோதிக்காமல் எண்ணிக்கையை முடிவு செய்வது

"கையில் 60 வண்டி இருக்கிறது, 60 மேம்பாட்டுத் தொகுப்பு வாங்குவோம்" என்பது தவறான தொடக்கம். முதலில் எல்லா வண்டிகளையும் மூன்றாகப் பிரிக்க வேண்டும்: மேம்படுத்தத் தக்கவை, பாகங்களுக்காகப் பிரிக்க வேண்டியவை, பழைய இரும்புக்குப் போக வேண்டியவை. இதற்குப் பெரிய ஆய்வகம் தேவையில்லை. டார்ஷன் பார் பிடிப்பிடங்கள், சங்கிலித் தடத்தைச் சுழற்றும் கடைசிக் கியரான ஃபைனல் டிரைவ் பொருத்துமிடம், பீரங்கியோடு சுழலும் மேற்கூடான டரட்டின் வளையம் அமரும் தட்டு, பீரங்கியின் அச்சுத் தாங்கிகள் ஆகிய இடங்களில் பெயின்டைச் சுரண்டிவிட்டுச் சாய ஊடுருவல் சோதனை செய்தால் விரிசல் தெரியும். அடித்தகட்டின் தடிமனை அல்ட்ராசோனிக் கருவியால் அளக்கலாம். பேட்டரிக்குக் கீழே உள்ள பகுதியை விட்டுவிடக் கூடாது; அமிலம் சொட்டி எஃகைத் தின்றிருப்பது பெரும்பாலும் அங்கேதான்.

டரட் வளையத்தைச் சோதிக்க ஒரு ஸ்பிரிங் தராசு போதும். வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, டரட்டைக் கையால் சுற்றியபடி 30 பாகைக்கு ஒருமுறை எவ்வளவு இழுவிசை தேவைப்படுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஓரிடத்தில் திடீரென்று எகிறினால் அங்கே உருளைப் பாதையில் குழி விழுந்திருக்கிறது. ஆண்டுக்கணக்கில் ஒரே திசையில் நிறுத்தி வைத்த வண்டிகளில் இதை எதிர்பார்க்கலாம்.

ஸ்கார்பியன் வகை அலுமினிய உடற்கூடுகளுக்குத் தனிக் கவனம் வேண்டும். துத்தநாகமும் மக்னீசியமும் கலந்த இந்த அலுமினியக் கவசத்தில், இழுவிசையும் ஈரமும் சேர்ந்தால் தகட்டின் வெட்டு விளிம்பிலிருந்து விரிசல் தொடங்கும். புதிய பெட்டிகளைத் தொங்கவிட ஆளுக்கொரு துளை போடுவது அந்த விரிசலை வருந்தி அழைப்பதற்குச் சமம். தவிர்க்க முடியாத துளை என்றால் விளிம்பைப் பூச்சால் மூடி, எஃகு போல்ட்டுக்கு மின்கடத்தாக் குழலும் வாஷரும் போட வேண்டும். இல்லாவிட்டால் இரு உலோகங்களும் தொடும் இடத்தில் அரிப்பு ஏறும்.

கவசத்தை எடை போடாமல் சேர்ப்பது

10 மி.மீ. தடிமனுள்ள எஃகுத் தகடு ஒரு சதுர மீட்டருக்கு 78.5 கிலோ. இரு பக்கமும் சேர்த்து 12 சதுர மீட்டரை மூடினால் 940 கிலோ. தாங்கிகளும் போல்ட்டும் சேர்ந்தால் ஒரு டன்னைத் தாண்டும். இது கனரக இயந்திரத் துப்பாக்கிக்கு எதிராக உதவலாம். தோளில் வைத்துச் சுடும் ராக்கெட்டை நிறுத்தாது. சுமார் 15 டன் எடையும் 250 குதிரைத்திறனும் கொண்ட ஏஎம்எக்ஸ்-13-இல் டன்னுக்கு 16.7 குதிரைத்திறன் கிடைக்கிறது. இரண்டு டன் ஏற்றினால் அது 14.7 ஆகிவிடும். இலகுரக டாங்கியைக் கவசத்தால் கனரக டாங்கியாக்க முடியாது. அந்த ஆசைக்குச் செலவிடும் பணம் வீண்.

நீந்தும் வண்டியில் இந்தக் கணக்கு இன்னும் கறார். பிடி-76 ஏறத்தாழ 6.9 மீட்டர் நீளம், 3.1 மீட்டர் அகலம். நீர்மட்டத்தில் அதன் பரப்பை 15 முதல் 18 சதுர மீட்டர் என்று கொண்டால், கூட்டும் ஒவ்வொரு டன்னும் வண்டியை 5.5 முதல் 6.7 செ.மீ. வரை தாழ்த்தும். எடை டரட்டின் முன்பக்கம் ஏறினால் மூக்கும் சேர்ந்து தாழும். நீந்தும் திறனைக் கைவிடுவதென்றால் முன்கூட்டியே எழுத்தில் கைவிட்டுவிடலாம். பாதி நீந்தும் வண்டி ஆபத்தானது.

எடை கூட்டும் முன் டார்ஷன் பார்களைப் பார்க்க வேண்டும். எரிபொருளும் குண்டும் நிறைந்த வண்டியை கான்கிரீட் தளத்தில் நிறுத்தி, ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் தரையிலிருந்து உடற்கூட்டின் உயரத்தை அளந்தால் எந்தப் பார் தளர்ந்திருக்கிறது என்று தெரியும். இந்தப் பார்கள் தொழிற்சாலையிலேயே ஒரு திசையில் முறுக்கிப் பக்குவப்படுத்தப்பட்டவை. முனையில் இடம், வலம் என்று அடையாளம் இருக்கும். அதைக் கவனிக்காமல் பக்கம் மாற்றிப் போட்டால் சீக்கிரமே முறியும். மேற்பரப்பில் ஒரு கீறல் விழுந்தாலும் அதுவே விரிசலின் தொடக்கம். எனவே பாரை இரும்பு மேசையில் உருட்டாமல் மரத் தாங்கியில் வைக்க வேண்டும்.

குதிரைத்திறன் ஒன்று என்பதால் இயந்திரமும் ஒன்று என நினைப்பது

பெட்ரோல் இயந்திரத்தை எடுத்துவிட்டு டீசல் வைப்பது, குறைந்த நிதியில் செய்யக்கூடியவற்றில் மிகப் பயனுள்ள மாற்றம். தீ அபாயம் குறையும், ஒரே கொள்ளளவில் அதிக தூரம் ஓடும். நார்வே தன் எம்24 சாஃபி டாங்கிகளில் 54-ஐ 1970-களில் என்எம்-116 ஆக மாற்றியபோது, இரட்டைக் கேடிலாக் பெட்ரோல் இயந்திரங்களுக்குப் பதில் ஒரே டெட்ராய்ட் 6வி-53டி டீசலை வைத்தது. சிங்கப்பூரும் ஏஎம்எக்ஸ்-13 எஸ்எம்1-இல் அதே டீசல் வரிசையைத்தான் தேர்ந்தெடுத்தது.

தவறு எங்கே நடக்கிறது? ஸ்கார்பியனையே பாருங்கள். அதன் ஜாகுவார் பெட்ரோல் இயந்திரம் நிமிடத்துக்கு 4,750 சுழற்சியில் 190 குதிரைத்திறன் தரும். மாற்றாக வந்த கம்மின்ஸ் 5.9 லிட்டர் டீசலும் 190 குதிரைத்திறன்தான். ஆனால் 2,600 சுழற்சியில். முதலாவதில் அந்த வேகத்தில் முறுக்குவிசை சுமார் 285 நியூட்டன் மீட்டர், இரண்டாவதில் சுமார் 520. கியர்பாக்ஸின் உள்ளீட்டுத் தண்டுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு சுமை. அதோடு, இயந்திரம் மெதுவாகச் சுற்றுவதால் பழைய கியர் விகிதத்தில் வண்டியின் உச்ச வேகமும் ஏறக்குறைய பாதியாகும். நடுவில் வேகம் கூட்டும் கியர்ப்பெட்டி ஒன்றை வைத்தால் இரண்டு சிக்கலும் ஒருசேரத் தீரும். இல்லையென்றால் கியர்பாக்ஸையே பலப்படுத்தி விகிதத்தையும் மாற்ற வேண்டும். இயந்திரத்தின் விலையை மட்டும் கேட்டுவிட்டு ஒப்பந்தம் போடுகிறவர்கள் கிளட்ச் எரிந்த பிறகுதான் இந்தக் கணக்குக்கு வருகிறார்கள்.

அடுத்தது குளிரூட்டல். மிதமான வானிலையில் வெறும் சாலையில் ஓட்டிப் பார்த்து "சூடேறவில்லை" என்று கையெழுத்துப் போடுவது பெரும்பிழை. சோதனை இப்படி இருக்க வேண்டும்: பின்னால் பிரேக் பிடித்தபடி வரும் ஒரு கனரக வண்டியைக் கட்டி, இரண்டாம் கியரில், உச்ச முறுக்குவிசைச் சுழற்சியில், வெப்பமானி ஒரே இடத்தில் நிற்கும்வரை இழுக்க வேண்டும். வெளிவெப்பம் 32 பாகை, ரேடியேட்டர் மேல்தொட்டி 98 பாகை என்றால் வித்தியாசம் 66. அதே வண்டி 50 பாகை வெயிலில் 116 பாகையைத் தொடும், அதாவது கொதித்துவிடும். கியர்பாக்ஸ் எண்ணெயின் வெப்பத்தையும் இதேபோல் குறிக்க வேண்டும். ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்கு மாறியிருந்தால் முதலில் எல்லை தாண்டுவது பெரும்பாலும் அந்த எண்ணெய்தான்.

சின்ன விஷயம் ஒன்று, ஆனால் வண்டியை நிறுத்திவிடும். பெட்ரோல் இருந்த பழைய தொட்டியில் டீசலை ஊற்றினால், பல்லாண்டுகளாகப் படிந்த பிசின் கரைந்து வடிகட்டியை அடைக்கும். தொட்டியைக் கழற்றி, கழுவி, உட்பூச்சையும் சீல்களையும் மாற்றிவிட்டுத்தான் டீசல் ஊற்ற வேண்டும். காற்று வடிகட்டியையும் பெரிதாக்க வேண்டும். அதே திறனுக்கு டீசல் அதிகக் காற்றை இழுக்கும், இரண்டு வீச்சு (டூ-ஸ்ட்ரோக்) டீசல் இன்னும் அதிகமாக இழுக்கும்.

"90 மி.மீ." என்ற எண்ணை நம்பிப் பீரங்கி வாங்குவது

விட்டம் ஒன்றாக இருப்பதால் குண்டும் ஒன்றாகிவிடாது. பிரெஞ்சு எஃப்1, பெல்ஜியக் காக்கரில் எம்கே3, அமெரிக்க எம்48 டாங்கியின் பழைய பீரங்கி, மூன்றுமே 90 மி.மீ.தான், மூன்றின் தோட்டாவும் வேறு. பீரங்கி மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கிவிட்டு, ஒரே விற்பனையாளர் சொன்ன விலைக்குக் குண்டு வாங்கும் நிலை வந்தால் மொத்தச் சேமிப்பும் ஓரிரு ஆண்டுப் பயிற்சியிலேயே கரைந்துவிடும். குண்டு விலை, பயிற்சிக் குண்டு கிடைக்குமா, குறைந்தது இரண்டு உற்பத்தியாளர் உண்டா என்ற மூன்று கேள்விகள் முதலில். பீரங்கி பிறகு.

பின்னுதைப்பைக் கணக்கிடுவது கடினமல்ல. 4 கிலோ குண்டு நொடிக்கு 900 மீட்டரில் போகிறது, 1.5 கிலோ வெடிமருந்தின் வாயு நொடிக்கு 1,400 மீட்டரில் வெளியேறுகிறது என்று வைப்போம். மொத்த உந்தம் 5,700 நியூட்டன் நொடி. பின்னோக்கி நகரும் பாகங்கள் 400 கிலோ என்றால் அவை தாங்க வேண்டிய ஆற்றல் சுமார் 40,600 ஜூல். 40 செ.மீ. பின்வாங்க இடமிருந்தால் டரட் மீது விழும் சராசரி விசை சுமார் 10 டன். இடமில்லாமல் 25 செ.மீ. ஆக்கினால் 16 டன்னுக்கு மேல். அது அச்சுத் தாங்கி, டரட் வளையம், அதன் போல்ட் வரிசை என்று கீழிறங்கும். இலகுரக வண்டிகளுக்குக் குறைந்த அழுத்தப் பீரங்கியும், வெடிப்பை ஒரே முனையில் குவித்துக் கவசத்தைத் துளைக்கும் குவிவெடி குண்டும் பொருந்துவதற்குக் காரணம் இதுதான். குவிவெடி குண்டின் துளைக்கும் திறன் அது பறக்கும் வேகத்தை நம்பி இல்லை.

இருக்கும் குழலைக் குடைந்து பெரிதாக்கும் வழியும் உண்டு. பிரேசில் எம்41-இன் 76 மி.மீ. குழல்களை 90-க்குக் குடைந்தது. பிரான்ஸ் ஏஎம்எக்ஸ்-13-இன் 75 மி.மீ. பீரங்கியை 90 ஆக்கியபோதும் ஆறு ஆறாகப் பன்னிரண்டு குண்டு கொண்டு பீரங்கிக்குத் தானாக ஊட்டும் அதன் இரண்டு சுழல் உருளைகள் தொடர்ந்து வேலை செய்தன. தோட்டாவின் நீளம் மாறினால் அந்த உருளையே பயனற்றுப் போகும் என்பதை யோசித்தால் இதன் அருமை புரியும். நார்வே என்எம்-116-இல் வேறு வழியில் போனது: முன்பக்கத் துப்பாக்கி வீரரை நீக்கிவிட்டு அந்த இடத்தில் குண்டுகளை அடுக்கியது. ஐந்து பேர் வண்டி நால்வர் வண்டியானது.

புகையை மறந்துவிடுகிறார்கள். சிறிய டரட்டில் கதவை மூடிக்கொண்டு சுட்டால் கார்பன் மோனாக்சைடு சேரும். தொடர்ந்து 10 குண்டு சுட்டு, வீரர்களின் மூக்கு மட்டத்தில் வாயுவை அளக்காமல் எந்தப் பீரங்கியையும் ஏற்கக் கூடாது. பிரிட்டன் 1990-களில் ஸ்கார்பியனின் 76 மி.மீ. டரட்டை ஓரங்கட்டி, கையிருப்பில் இருந்த ஃபாக்ஸ் கவச வண்டியின் 30 மி.மீ. டரட்டை அதே உடற்கூட்டில் வைத்து சேபர் என்ற வண்டியாக்கியது. கையிலிருக்கும் பொருளைக் கோத்து வேலை முடிப்பதற்கு நல்ல எடுத்துக்காட்டு அது.

தளர்ந்த டரட்டில் விலையுயர்ந்த குறிக்கருவி

குறைந்த நிதியில் லேசர் தூரமானியும் தெர்மல் பார்வைக் கருவியும்தான் கொடுத்த காசுக்கு அதிகப் பலன் தருபவை. பெரிய பீரங்கிக்கு முன் இவை வர வேண்டும். ஆனால் பல்சக்கரங்களில் ஆட்டம் இருந்தால் கணினி துல்லியமாகக் கணக்கிட்டும் குண்டு வேறிடம் போகும். மில் என்பது சிறு கோண அளவு; 1 மில் ஆட்டம் 1,000 மீட்டரில் ஏறத்தாழ 1 மீட்டர் விலகல். 2 மில் ஆட்டமுள்ள டரட், இரண்டரை மீட்டர் அகல இலக்கை ஆயிரம் மீட்டரிலேயே தவறவிடலாம். டரட் பூட்டைத் திறந்து, சுழற்றும் கைப்பிடியை அசையாமல் பிடித்தபடி, குழல் நுனியை இரு பக்கமும் ஒரே விசையில் தள்ளி, எவ்வளவு நகர்கிறது என்று அளந்து, பல்சக்கரங்களைச் சரிசெய்த பிறகே கருவியைத் திறக்க வேண்டும்.

மின்சாரமும் இங்கேதான் காலை வாரும். 12 வோல்ட், 100 ஆம்பியர் மணி பேட்டரி இரண்டைத் தொடராக இணைத்தால் 24 வோல்ட்டில் அதே 100 ஆம்பியர் மணிதான் கிடைக்கும். தெர்மல் கருவி, ரேடியோக்கள், கணினி சேர்ந்து 12 ஆம்பியர் இழுத்தால், இயந்திரத்தை மீண்டும் கிளப்பப் பாதியை ஒதுக்கிய பின் நான்கு மணி நேரக் காவல்தான் மிஞ்சும். உடற்கூட்டிலிருந்து டரட்டுக்கு மின்சாரம் போகும் சுழல்வளையத்தில் காலித் தடங்கள் உள்ளனவா என்பதைக் கருவி வாங்கும் முன் எண்ணுங்கள். இல்லையென்றால் அதையும் மாற்ற வேண்டும்.

எல்லா வண்டியையும் ஒரே மூச்சில் மாற்றுவது

முதலில் ஒரே ஒரு மாதிரி வண்டி. அது 2,000 கிலோமீட்டராவது ஓடி, நூறு குண்டாவது சுட்டு, மேலே சொன்ன வெப்பச் சோதனையிலும் தேறிய பிறகு மூன்று வண்டிகள். அவற்றில் கிடைக்கும் திருத்தங்களை வரைபடத்தில் ஏற்றி உறைய வைத்த பின்னரே தொடர் வேலை. வரைபடங்களின் உரிமை படையிடம் இருக்க வேண்டும் என்பதை முதல் ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும். பிறகு கேட்டால் அதற்கும் விலை வரும்.

உதிரிபாகத்துக்கென்று பணம் ஒதுக்காத திட்டத்தில் வண்டிகள் ஒன்றையொன்று தின்றே தீரும். வணிகச் சந்தையில் ஓடும் இயந்திரம் மலிவு என்பது உண்மை. ஆனால் சந்தை நகர்ந்துவிடும். டெட்ராய்டின் இரண்டு வீச்சு டீசல்களைப் புகை விதிகள் 1990-களில் புதிய லாரிகளிலிருந்து வெளியேற்றின. எனவே இன்ஜெக்டர், டர்போ, கேஸ்கெட் தொகுப்பு, நீர்ப்பம்ப் ஆகியவற்றை முதல் கொள்முதலோடு சேர்த்தே வாங்கிவிட வேண்டும். பாகங்களுக்காக ஒதுக்கிய வண்டிகளை வெயிலில் நிறுத்தாமல் உடனே பிரித்துவிடுங்கள். கியர்பாக்ஸையும் ஃபைனல் டிரைவையும் பாதுகாப்பு எண்ணெயால் நிரப்பி, துளைகளை மூடி, எந்த உடற்கூட்டிலிருந்து வந்தது, எத்தனை மணி நேரம் ஓடியது என்று சீட்டு கட்டி, கூரைக்குக் கீழே அடுக்க வேண்டும்.