மூளைத் தூண்டலோடு பாட்டும் சேரும்போது: தவிர்க்க வேண்டிய தவறுகள்

வலப்பக்க மூளையில் பக்கவாதம் வந்தவர்கள் சிலருக்கு இடப்பக்கம் என்று ஒன்று இருப்பதே கவனத்தில் இருக்காது. சாப்பிட உட்கார்ந்தால் இலையின் இடக்கோடியில் வைத்த உப்பும் ஊறுகாயும் கை படாமலே கிடக்கும். 2009-இல் டேவிட் சோட்டோ குழுவினர் இப்படிப்பட்ட மூன்று நோயாளிகளைப் பிடித்த பாட்டைக் கேட்க வைத்துச் சோதித்தார்கள். இடப்பக்கத்தில் இருப்பதை அவர்கள் முன்பைவிட நன்றாகக் கவனித்தார்கள். பாட்டோடு சேர்த்து, மூளையின் மேற்புறத்தில் பின்பக்கமாக உள்ள பரைட்டல் பகுதியை வலப்பக்கத்தில் மெல்லிய நேர்மின்னோட்டம் கொடுத்துத் தூண்டினால் என்ன ஆகும்? மதுரைப் பக்கம் பிசியோதெரபி, உளவியல் மாணவர்கள் ஆய்வேட்டுக்கு இந்தக் கேள்வியை எடுக்கும்போதெல்லாம் அதே இடங்களில்தான் சறுக்குகிறார்கள். 1 முதல் 2 மில்லி ஆம்பியர், 20 நிமிடம், மின்முனைக்கு 35 சதுர செ.மீ. ஸ்பாஞ்சு என்பதெல்லாம் கருவியின் கையேட்டிலேயே இருக்கிறது. அதில் இல்லாதவற்றைப் பார்ப்போம்.

தேங்காய் எண்ணெய்

எண்ணெய் தேய்த்த தலையில் இம்பீடன்ஸ், அதாவது மின்னோட்டத்துக்கான தடை, இறங்கவே இறங்காது. உடனே ஸ்பாஞ்சைச் சொட்டச் சொட்ட நனைப்பார்கள். தண்ணீர் முடி வழியே பரவி, மின்னோட்டம் போகும் பரப்பே மாறிவிடும். ஸ்பாஞ்சின் ஒரு பக்கத்துக்குச் சுமார் 6 மி.லி. போதும். அதுவும் மருந்துக்கடையில் கிடைக்கும் 0.9 சதவீத நார்மல் சலைனாக இருக்க வேண்டும். குழாய்த் தண்ணீரில் நனைத்த ஸ்பாஞ்சால் தோல் புண்ணானது பதிவாகியிருக்கிறது. முதல் நாளே போன் செய்து, சீயக்காயோ ஷாம்பூவோ போட்டுக் குளித்துவிட்டு எண்ணெய் வைக்காமல் வரச் சொல்லுங்கள். மல்லிகைச் சரத்தையும் ஹேர்பின்னையும் எடுத்துவிட வேண்டும். இன்னொரு மின்முனை நெற்றியில் வருமானால் அங்கே விபூதி, குங்குமம் கூடாது.

பி4-ஐக் கண்ணளவில் குறிப்பது

பி4 என்பது வலப்பக்கப் பரைட்டல் பகுதிக்கு மேலே ஸ்பாஞ்சு வைக்க வேண்டிய புள்ளி. "காதுக்குப் பின்னாடி கொஞ்சம் மேலே" என்பது அளவே இல்லை. மூக்கு வேரிலிருந்து பிடரி மேடு வரை டேப்பால் அளந்துகொள்ளுங்கள். 36 செ.மீ. வந்தால் 18-இல் உச்சி. அங்கிருந்து 20 சதவீதம், அதாவது 7.2 செ.மீ. பின்னால் பிஇசட் என்னும் புள்ளி. அதற்கும் வலக் காதுக்குப் பின்பக்கமாக வரும் டி6 என்னும் புள்ளிக்கும் நடுவில் பி4. எதிரே நின்று குறித்தால் உங்கள் வலம் அவருடைய இடம். பின்னால் நின்றே குறியுங்கள்.

தலைக்கு மேல் வளையும் ஹெட்போன்

வேண்டாம். ஸ்பாஞ்சை நகர்த்திவிடும்.

பாட்டுக்கும் இடம் வலம் உண்டு

மற்றத் தவறுகளைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், இதை முடியாது. பங்கேற்பவர் விரும்பிக் கேட்ட பாட்டைப் போனில் போட்டு இயர்போனை மாட்டிவிடுகிறார்கள். அந்தப் பதிவில் வயலின் ஒரு காதிலும் தபேலா மறு காதிலும் தூக்கலாக ஒலிக்கிறதா என்று யாரும் கேட்டுப் பார்ப்பதில்லை. ஒரு பக்கமிருந்து சத்தம் வந்தால் கண்ணின் கவனமும் அந்தப் பக்கம் சாயும். நாம் அளப்பதும் அதே சாய்வைத்தான். 20 செ.மீ. கோட்டின் நடுவைக் குறிக்கச் சொன்னால், மூளைப் பாதிப்பு இல்லாதவர்கள்கூடச் சராசரியாக ஓரிரு மில்லிமீட்டர் இடப்பக்கம் தள்ளித்தான் குறிப்பார்கள். தூண்டல் ஏதாவது மாற்றினாலும் அது இந்த மில்லிமீட்டர் கணக்கில்தான் தெரியும். ஒரு பக்கம் தூக்கலான பாட்டு அதை அப்படியே விழுங்கிவிடும்.

ஒரு முதுகலை ஆய்வில், இசை கேட்டவர்கள் வலப்பக்கம் சாய்ந்தார்கள். இசை கவனத்தைக் கெடுக்கிறது என்று விளக்கமும் எழுதியாயிற்று. பிறகு பார்த்தால் இயர்போனின் இடப்பக்க வலையில் காதழுக்கு அடைத்திருந்தது. மேலூரிலிருந்தும் உசிலம்பட்டியிலிருந்தும் பஸ் ஏறி வந்தவர்களின் நேரமெல்லாம் வீண். அடைப்பு எந்த நாள் தொடங்கியது என்று தெரியாததால் எந்தப் புள்ளியியலாலும் அந்தத் தரவை மீட்க முடியவில்லை. வலையைத் துடைக்க அரை நிமிடம் ஆகுமா?

போனின் அணுகல்தன்மை அமைப்பில் மோனோ ஆடியோவை ஆன் செய்து, பேலன்ஸ் கோட்டை நட்டநடுவில் வையுங்கள். ஒவ்வொருவருக்கும் முன்னால் வலையைத் துடைத்து, நீங்களே இரண்டு பக்கத்தையும் மாற்றி மாட்டிக் கேளுங்கள். பங்கேற்பவரின் இரு காதையும் தனித்தனியே ஆடியோமீட்டரில் சோதியுங்கள். மில்லில் பல வருஷம் வேலை பார்த்தவர்களிடம் இதை விடவே கூடாது. காதுக்குக் காது வித்தியாசம் தெளிவாக இருந்தால் அவரைச் சேர்க்காதீர்கள், மோனோ அதைச் சரிசெய்யாது. பாதிப் பேருக்கு இயர்போனை இடம் வலம் மாற்றி மாட்டினால் சமனாகிவிடும் என்பார்கள். சராசரி சமனாகும், சிதறல் கூடும். சிறிய மாற்றத்தைத் தேடும் ஆய்வுக்கு அதுவும் நஷ்டம்தான்.

அறைக்கும் இதே கணக்குத்தான். ஒரு பக்கம் மட்டும் ஜன்னல், ஒரு பக்கம் டேபிள் ஃபேன், வலப்பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் ஆய்வாளர் என எல்லாமே இழுக்கும். கோடு உள்ள தாள் பங்கேற்பவரின் மார்புக்கு நேரே இருக்கட்டும், நீங்கள் பின்னால் உட்காருங்கள். சித்திரைத் திருவிழா நாட்களில் தெருவில் ஸ்பீக்கர் கட்டியிருந்தால் அன்றைக்குச் சோதனையே வைக்காதீர்கள்.

சாப்பாட்டுக்குப் பிறகான நேரம்

விழிப்பு குறைந்தால் கவனம் வலப்பக்கம் நகரும். பிடித்த பாட்டு விழிப்பைக் கூட்டும். காலையில் மௌனம், மதியம் மூன்று மணிக்குப் பாட்டு என்று வைத்தால் நீங்கள் அளப்பது தூக்கக் கலக்கத்தையும் சேர்த்துத்தான். எல்லா அமர்வையும் ஒரே நேரத்தில் வையுங்கள், ஒவ்வொன்றிலும் மனநிலையையும் விழிப்பையும் மதிப்பெண் போடச் சொல்லுங்கள்.

இரண்டே பிரிவு

தூண்டலும் பாட்டும் ஒரு பக்கம், இரண்டும் இல்லாதது மறுபக்கம் என்று வைத்தால் எது வேலை செய்தது என்று சொல்லவே முடியாது. நாலு பிரிவு வேண்டும்: நிஜத் தூண்டலும் பாட்டும், நிஜத் தூண்டலும் மௌனமும், போலித் தூண்டலும் பாட்டும், போலித் தூண்டலும் மௌனமும். போலித் தூண்டலில் ஆரம்பத்தில் சுமார் 30 விநாடி மட்டும் மின்னோட்டம் கொடுத்து நிறுத்த வேண்டும். தோலில் அரிப்பு தெரியும், அதனால் அவருக்குச் சந்தேகம் வராது. ஒருவரே நாலிலும் கலந்துகொண்டால் வரிசையை ஆளுக்கு ஆள் மாற்றி, நடுவில் இரண்டு நாளாவது இடைவெளி விடுங்கள்.

யூடியூபில் பாட்டு போடுவது

நடுவில் விளம்பரம் வரும். கோப்பாக வைத்துக்கொண்டு போனை ஏரோப்ளேன் மோடில் போடுங்கள்.

9 வோல்ட் பேட்டரியில் சொந்தக் கருவி

கூடவே கூடாது. தலையில் உலோகம், வலிப்பு, பேஸ்மேக்கர், மின்முனை வைக்கும் இடத்தில் புண் இருப்பவர்களையும் நெறிமுறைக் குழு ஒப்புதல் வாங்கும் முன்பே விலக்குப் பட்டியலில் எழுதிவிடுங்கள்.