வெளிமாநிலத்தில் குடியிருக்க இடம் பார்ப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வங்கிப் பணியின் இடமாற்றங்களால் ஹைதராபாத், புனே, பெங்களூரு எனப் பல ஊர்களில் குடியிருந்துவிட்டு, ஓய்வுக்குப் பின் காரைக்குடிக்குத் திரும்பியவன் நான். கோட்டையூர், பள்ளத்தூர், தேவகோட்டைப் பக்கத்துப் பிள்ளைகள் வெளிமாநிலத்தில் வேலை உறுதியானதும், எந்தப் பகுதியில் வீடு பார்க்கலாம் என்று கேட்டு வருகிறார்கள். ஆனால் பலர் வருவதற்கு முன்பே முன்பணம் கொடுத்துவிட்டிருப்பார்கள். முதன்முறை ஊர் மாறியபோது எங்கள் தலைமுறை செய்த அதே தவறுகளை இவர்களும் வரிசை மாறாமல் செய்வதைப் பார்த்த பிறகே இதை எழுத வேண்டும் என்று தோன்றியது. ஒப்பந்தத்தைப் படித்துக் கையெழுத்திட வேண்டும், சமையலறையில் காற்றும் வெளிச்சமும் வருகின்றனவா என்று பார்க்க வேண்டும் என்பன போன்றவை எல்லோருக்கும் தெரிந்தவை என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்காமல் இருப்பது

மற்ற எந்தத் தவற்றையும் பொறுத்துக்கொள்வேன். இதை மட்டும் இன்றும் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. வற்றாத ஆறு ஒன்றுகூட ஓடாத செம்மண் சீமையில் பிறந்தவர்கள் நாம். ஊருக்கு ஊர் ஊருணி வெட்டி, அதற்கு மழைநீர் வந்து சேரும் வரத்துக்காலைக் காத்து, வீட்டின் நாற்புறக் கூரையிலிருந்தும் இறங்கும் மழையை முற்றத்தில் பிடித்து வாழ்ந்தவர்களின் பேரப்பிள்ளைகள், வெளியூரில் வீடு பார்க்கும்போது நீச்சல் குளம் உண்டா, உடற்பயிற்சிக்கூடம் உண்டா, வண்டி நிறுத்த எத்தனை இடம் என்றெல்லாம் விசாரிக்கிறார்கள். குழாயில் வருவது ஆற்று நீரா, ஆழ்துளைக் கிணற்று நீரா, லாரி நீரா என்று மட்டும் கேட்பதில்லை. காரைக்குடியின் சம்பை ஊற்று நீரின் சுவையைப் பற்றி மணிக்கணக்கில் பேசக்கூடியவர்களே அப்படிக் கேட்காமல் வந்துவிடுகிறார்கள் என்பதுதான் என் வருத்தம்.

புதுவயலைச் சேர்ந்த ஓர் இளம் தம்பதி, பெங்களூருவின் கிழக்கே வைட்ஃபீல்டுக்கு அப்பால் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் டிசம்பர் மாதத்தில் வீடு எடுத்தார்கள். இருபத்து நான்கு மணி நேரமும் தண்ணீர் வரும் என்று தரகர் சொன்னது பொய்யன்று, டிசம்பரில் வந்தது. மார்ச் மாதத்தில் காலையில் சிறிது நேரம், மாலையில் சிறிது நேரம் என்று குறைந்தது. பராமரிப்புக் கட்டணத்தோடு தண்ணீர் லாரிக்கென்று தனித் தொகை கேட்டார்கள். லாரி நீரின் உப்பால் கைக்குழந்தையின் தோல் தடித்தது. ஒப்பந்தக் காலம் முடியும் முன்பே வீட்டைக் காலி செய்தபோது, அறிவிப்புக் காலத்துக்கு ஒரு தொகை, வெள்ளையடிக்க ஒரு மாத வாடகை என்று முன்பணத்திலிருந்து பிடித்துக்கொண்டு மீதியைக் கொடுத்தார்கள். வீடு பார்க்கப் போன அன்று ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் இவ்வளவும் நேர்ந்திராது.

பெங்களூருவுக்குக் காவிரி நீர் சுமார் 100 கிலோமீட்டர் தொலைவிலிருந்து, தாழ்வான ஆற்றுப் படுகையிலிருந்து மேட்டு நகரத்துக்குப் படிப்படியாக ஏற்றிக் கொண்டுவரப்படுகிறது. நகரின் பழைய பகுதிகளுக்கு அந்தக் குழாய்கள் முன்பே போய்ச் சேர்ந்துவிட்டன. 2007இல் மாநகராட்சியோடு இணைக்கப்பட்ட 110 கிராமங்களுக்கென்று திட்டமிடப்பட்ட காவிரி ஐந்தாம் கட்டம், நாளொன்றுக்கு 77.5 கோடி லிட்டர் கொள்ளளவோடு 2024 அக்டோபரில்தான் தொடங்கிவைக்கப்பட்டது. நம் பிள்ளைகள் வேலை பார்க்கும் கணினி நிறுவனங்கள் பலவும் இந்த 110 கிராமங்களைச் சுற்றியே எழும்பியிருப்பதால், அவர்கள் பார்க்கும் வீடுகளும் அங்கேயே அமைகின்றன. பகுதிக்குத் திட்டம் வந்துவிட்டது என்பதால் தெருவுக்குக் குழாய் வந்துவிட்டது என்று ஆகிவிடாது. தெருவுக்கு வந்தாலும் அந்தக் கட்டடம் இணைப்பு வாங்கியிருக்க வேண்டும். வாங்கியிருந்தாலும் வாரத்தில் எத்தனை நாள், எவ்வளவு நேரம் விடுகிறார்கள் என்று கேட்க வேண்டும்.

கணக்கையும் சொல்லிவிடுகிறேன். நகரக் குடிநீர்த் திட்டங்களில் ஆள் ஒன்றுக்கு நாளுக்கு 135 லிட்டர் என்பது பொதுவாகக் கொள்ளப்படும் அளவு. நால்வர் உள்ள வீட்டுக்கு 540 லிட்டர். அத்தகைய 100 வீடுகள் உள்ள குடியிருப்புக்கு 54,000 லிட்டர். ஆழ்துளைக் கிணறு வற்றிவிட்டால் 12,000 லிட்டர் லாரிகள் நாளுக்கு நான்கரை வேண்டும். 2024 கோடையில் தனியார் லாரிகளின் விலை எகிறியபோது பெங்களூரு மாவட்ட நிர்வாகம் தலையிட்டு, 5 கிலோமீட்டருக்குள் வரும் 12,000 லிட்டர் லாரிக்கு 1,000 ரூபாய் என்று விலை கட்டியது. அந்தக் கட்டிய விலையில் பார்த்தாலும், வரி நீங்கலாக, வீட்டுக்கு மாதம் 1,350 ரூபாய் ஆகும். கட்டிய விலைக்குத் தட்டுப்பாட்டுக் காலத்தில் லாரி கிடைப்பது அரிது. வாடகை 2,000 ரூபாய் குறைவு என்று புறநகருக்குப் போகிறவர் இந்தச் செலவைச் சேர்த்துப் பார்ப்பதில்லை.

விசாரிக்கும் முறை எளியது. குடியிருப்போர் சங்கத்தின் சென்ற ஆண்டு ஏப்ரல், மே மாதக் கணக்கில் தண்ணீர் லாரிக்கு என்ன செலவாகியிருக்கிறது என்று பார்க்கலாம். காட்ட மறுத்தால் அதுவே ஒரு பதில். வாயிற்காவலரிடமும் கீழே துணி தேய்ப்பவரிடமும் நாளுக்கு எத்தனை லாரி வருகிறது என்று தனியாகக் கேட்கலாம். குளியலறை ஷவரையும் குழாய் முனையையும் உற்றுப் பார்க்க வேண்டும். வெள்ளையாக உப்புப் படிந்திருந்தால் நீர் கடினமானது. ஒரு புட்டியில் நீரைப் பிடித்துச் சோதனைக்குக் கொடுப்பதற்குப் பெரிய செலவில்லை. குடிநீரில் கரைந்த உப்புகள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது ஏற்கத்தக்கது என்றும், வேறு நீராதாரம் இல்லாதபோது 2,000 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்றும் இந்தியத் தர நிர்ணயம் சொல்கிறது.

இது பெங்களூருவின் குறை மட்டுமன்று. புனேயின் ஹிஞ்சவாடி, வாகோலிப் பக்கங்களிலும் ஹைதராபாத்தின் மேற்கே புதிதாக எழுந்த குடியிருப்புகளிலும் கோடை முழுவதும் லாரிகள் ஓடுகின்றன. நீர் இல்லாத இடத்திலேயே வெள்ளமும் வரலாம் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். 2022 செப்டம்பரில் பெங்களூருவின் பெள்ளந்தூர், சர்ஜாபூர் சாலைப் பக்கத்தில் விலையுயர்ந்த வீடுகளில் இருந்தவர்களை டிராக்டரில் ஏற்றிக் கரைசேர்த்தார்கள். ஏரியிலிருந்து ஏரிக்கு நீர் போகும் கால்வாய்களை அடைத்துக் கட்டடம் எழுப்பினால் நீர் வேறு எங்கே போகும்? வரத்துக்கால் என்றால் என்ன என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வீட்டைச் சுற்றியுள்ள நிலம் எந்தப் பக்கம் சரிகிறது, அருகில் ஏரி எங்கே இருக்கிறது, பெருமழையில் தெருவில் முழங்காலளவு நிற்குமா என்று பக்கத்துக் கடைக்காரரிடம் கேட்டுவிட்டு வர வேண்டும்.

வாழ்ந்து பார்க்கும் முன்பே பெரும் பணத்தைக் கட்டிவிடுவது

பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கொண்டுவிக்க, அதாவது தொழில் செய்யப் போன நகரத்தார் போன உடனே ஆளுக்கொரு வீடு தேடவில்லை. ரங்கூனின் மொகல் தெருவிலும் சிங்கப்பூரின் மார்க்கெட் தெருவிலும் கிட்டங்கிகள் எனப்பட்ட பொதுத் தொழில் விடுதிகளில் தங்கி, அங்கேயே கணக்கு எழுதி, ஒன்றாக உண்டு, ஊரின் போக்கை அறிந்துகொண்டார்கள். இன்றைய பிள்ளைகளுக்கும் நான் அதையே சொல்கிறேன்: முதல் ஓரிரு மாதம் ஒரு விடுதியிலோ, தெரிந்தவர்களோடு ஓர் அறையிலோ தங்குங்கள், குடும்பத்தைப் பிறகு அழைத்துக்கொள்ளுங்கள்.

தமிழ்நாட்டின் வாடகைச் சட்டத்தில், தனி உடன்பாடு இல்லாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கூடாது. அந்தப் பழக்கத்தோடு போகிறவர்களுக்குப் பெங்களூருவில் ஐந்து, ஆறு மாத வாடகையும், சில இடங்களில் வழக்கமான பத்து மாத வாடகையும் கேட்கும்போது திகைப்பாக இருக்கும். இவ்வளவு பெரிய தொகை கைமாறிய பிறகு, பகுதி பிடிக்கவில்லை என்றாலும் அங்கேயே கிடக்க வேண்டியதாகிவிடுகிறது.

அதைவிட ஆபத்தானது ஒத்தி. சில லட்சங்களை மொத்தமாகக் கொடுத்துவிட்டு வாடகையின்றி இருக்கலாம் என்ற ஏற்பாடு நம் பக்கத்திலும் பழகியது என்பதால், கர்நாடகத்தில் ‘லீசு’ என்ற பெயரில் அது வரும்போது பிள்ளைகள் தயங்காமல் ஒப்புக்கொள்கிறார்கள். உள்ளூரில் வீட்டுக்காரரின் பங்காளிகள் யார், சொத்தில் என்ன சிக்கல் என்பது தெருவுக்கே தெரிந்திருக்கும். அங்கே அவரை உங்களுக்கு அறிமுகப்படுத்தியது ஒரு தரகர் மட்டுமே. அந்த வீடு முன்பே வங்கியில் அடமானத்தில் இருந்து தவணை நின்றுபோனால், வங்கி வீட்டைக் கைப்பற்ற வரும். வங்கியில் இருந்தவன் என்ற முறையில் இதை அழுத்திச் சொல்கிறேன். முத்திரைத்தாளில் எழுதிய, பதிவு செய்யாத ஒப்பந்தம் அப்போது உங்கள் லட்சங்களைக் காப்பாற்றாது. கர்நாடகப் பதிவுத்துறையின் ‘காவேரி’ இணையதளத்தில் வில்லங்கச் சான்று எடுக்கலாம். அதை எடுத்துப் பார்க்காமல், ஒப்பந்தத்தைப் பதிவு செய்யாமல், ஒத்திக்கு ஒரு ரூபாயும் கொடுக்க வேண்டாம். சான்றில் வராத அடமானமும் உண்டு என்பதால், மூலப்பத்திரம் யார் கையில் இருக்கிறது என்றும் கேட்டுப் பார்க்க வேண்டும்.

தூரத்தைக் கிலோமீட்டரில் அளப்பது

நேரத்தில் அளக்க வேண்டும். அதுவும் வேலைநாளில், அலுவலகம் விடும் நேரத்தில்.

ஞாயிற்றுக்கிழமையில் வீடு பார்த்து முடிவு செய்வது

மேலே சொன்னதே இதற்கும் காரணம்.

பிள்ளை படிக்கும் வகுப்பைக் கருதாமல் இருப்பது

குழந்தை மழலைப் பள்ளியில் இருந்தால் எங்கும் போகலாம். ஏழாம், எட்டாம் வகுப்பில் இருக்கும்போது மாநிலம் மாறுகிறவர்கள் நிதானிக்க வேண்டும். தமிழ்நாட்டின் பொறியியல் கலந்தாய்வில், எட்டு முதல் பன்னிரண்டு வரை இங்கேயே படித்தவர்களுக்கு இருப்பிடச் சான்று தேவையில்லை. வெளியே படித்தவர்கள் அதைப் பெற்றுக் காட்ட வேண்டும். கர்நாடகத்தில் அந்த மாநில மாணவராகக் கருதப்பட உள்ள வழிகளில் ஒன்று, அங்கே குறைந்தது 7 கல்வியாண்டுகள் படித்திருப்பது. இடையில் மாறுகிற பிள்ளை அங்கேயும் சேராமல், இங்கேயும் சான்றுக்கு அலைய நேரும்.

மொழியும் உண்டு. கர்நாடகத்தில் 2015ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி கன்னடமும், கேரளத்தில் 2017ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி மலையாளமும், தெலங்கானாவில் 2018ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தெலுங்கும் பள்ளிகளில் கற்பிக்கப்பட வேண்டும். ஒன்றாம் வகுப்பில் சேரும் குழந்தைக்கு இது வரவு. உயர்வகுப்பில் புதிதாகச் சேரும் பிள்ளைக்கு எழுத்துக்கூட்டிப் படிக்கத் தொடங்குவது பெரும் சுமை. எனவே பள்ளியை முதலில் பேசி, புதிதாக வரும் மாணவருக்கு மொழிப் பாடத்தில் என்ன சலுகை என்று எழுத்தில் பெற்று, அதன் பிறகு அந்தப் பள்ளியைச் சுற்றி வீடு தேடுவது நல்லது.

பெங்களூருவின் தென்பகுதியில் வேலை கிடைத்தவர்களில் சிலர் ஒசூரில் குடியிருந்து போய்வருகிறார்கள். பிள்ளையின் படிப்பு தமிழ்நாட்டிலேயே தொடர்கிறது. வாடகையும் பெரும்பாலும் குறைவு. 2025 ஆகஸ்டில் ஆர்.வி. சாலையிலிருந்து பொம்மசந்திரா வரை மெட்ரோவின் மஞ்சள் தடம் திறக்கப்பட்டிருப்பதால், அதுவரை வந்துவிட்டால் நகருக்குள் நெரிசலில் சிக்க வேண்டியதில்லை. அந்தத் தடத்தில் உள்ள மின்னணு நகரத்தில் (எலக்ட்ரானிக் சிட்டி) வேலை என்றால் இதைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். வைட்ஃபீல்டில் வேலை என்றால் ஒசூரை நினைக்கவே கூடாது.

உறவினர் இருக்கும் தெருவிலேயே வீடு தேடுவது

உறவு முக்கியம்தான். ஆனால் அவர்கள் அந்தப் பகுதியைத் தேர்ந்தெடுத்தது அவர்களுடைய அலுவலகத்துக்காகவும் அவர்கள் பிள்ளையின் பள்ளிக்காகவும். அரை மணி நேரத்தில் போய்ச் சேரும் தொலைவில் இருந்தால் அவசரத்துக்கும் உதவும். இரு வீட்டாருக்கும் மனத்தாங்கலும் வராது.

வண்டியை அப்படியே ஓட்டிக்கொண்டு போவது

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின்படி, வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருக்கும் வண்டிக்கு அந்த மாநிலப் பதிவு எண் வாங்க வேண்டும். அதற்கு இங்கிருந்து தடையில்லாச் சான்றும், அங்கே சாலை வரியும் தேவை. கர்நாடகத்தில் அந்த வரி கனமானது. ஓரிரு ஆண்டு மட்டுமே இருக்கப் போகிறவர்கள் காரை ஊரிலேயே விட்டுவிட்டு, மெட்ரோ நிலையத்துக்கு அருகில் சற்றுக் கூடுதல் வாடகைக்கு வீடு எடுப்பது பலருக்கும் மலிவாகவே முடியும். நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட மாநிலங்களில் அலுவலகம் உள்ள நிறுவனத்தில் வேலை செய்கிறவர்களும் அரசு ஊழியர்களும் மாநிலம் மாறினாலும் மறுபதிவு தேவைப்படாத, 2021 முதல் உள்ள பாரத் (BH) வரிசைப் பதிவெண்ணைப் பற்றி விசாரிக்கலாம்.

ஊருக்கு வரும் திசையை மறப்பது

ஊரில் பூர்வீக வளவு வீட்டில் வயதான பெற்றோரை விட்டுச் செல்கிறவர்களுக்கு இது மிகவும் தேவை. குடும்பத்து முன்னோருக்குப் படையலிடும் படைப்புக்கும் கோயில் காரியங்களுக்கும் ஆண்டில் பலமுறை வர வேண்டியிருக்கும். பெற்றோருக்கு உடல்நிலை சரியில்லை என்றால் இரவோடு இரவாகப் புறப்பட வேண்டியிருக்கும். பெங்களூருவின் வடக்கே தேவனஹள்ளிப் பக்கம் குடியிருப்பவர் வெள்ளிக்கிழமை மாலையில் நகரத்தைக் குறுக்கே கடந்து ஒசூர் சாலையைப் பிடிப்பதற்குள்ளேயே களைத்துப்போவார். வேலை வடக்கே அமைந்தால் வேறு வழியில்லை. வீட்டிலிருந்தே வேலை செய்கிறவர்களும், நகரின் நடுவில் அலுவலகம் உள்ளவர்களும் தெற்குப் பக்கத்தில், ஊருக்கு வரும் பேருந்துகள் ஆளேற்றும் நிறுத்தத்துக்கு எளிதில் போய்ச் சேரக்கூடிய தெருக்களில் முதலில் தேடிப் பார்க்கட்டும்.