பாத அறுவை சிகிச்சைக்குப் பிறகு போட ஒரு செருப்பு: அம்மாவுக்கு நான் செய்த விதம்

போன மழைக்காலத்தில் அம்மாவுக்கு வலது கால் பெருவிரலில் அறுவை சிகிச்சை நடந்தது. பெருவிரலின் அடிமூட்டு உள்பக்கமாகப் புடைத்து, விரல் சாய்ந்து, பக்கத்து விரல் மேல் ஏறிக்கொண்டிருந்தது. எலும்பை வெட்டி நேராக்கி ஸ்க்ரூ வைத்தார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது ஒரு செருப்பும் கொடுத்தார்கள். அடிப்பக்கம் கட்டை மாதிரி, மேலே துணி, ஆம்பளை சைஸ். சமதரையில் சமாளிக்கலாம். எங்கள் வீடு ஏற்காட்டில் நாகலூர்ப் பக்கம். வாசலிலிருந்து குழாயடிக்குப் போகவே சரிவில் இறங்க வேண்டும். அந்தச் செருப்புக்குள் அம்மாவின் கால் முன்னால் வழுக்கி வழுக்கிப் போனது. கட்டுப் போட்ட விரல் போய் முன்பட்டையில் முட்டும்போது அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பார். அதைப் பார்த்துவிட்டுத்தான் இந்த வேலையில் இறங்கினேன்.

எனக்குச் சேலம் அம்மாபேட்டையில் வண்டி சீட் கவர் பட்டறை. ஃபோம், ரெக்ஸின், பசை எல்லாம் தினசரிப் புழக்கம். அதனால் ஷீட் வெட்டுவது, தையல் போடுவது பற்றியெல்லாம் இங்கே விளக்கப்போவதில்லை. கைவராதவர்கள் அளவுகளை மட்டும் நீங்கள் எடுத்து, செருப்புத் தைப்பவரிடம் கொடுத்துச் செய்துகொள்ளுங்கள்.

தொடங்கும் முன்

அறுவை செய்த மருத்துவரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். காலில் எடை போடலாமா? போடலாம் என்றால் முழுப் பாதத்திலா, குதிகாலில் மட்டுமா? வெட்டிய எலும்பு ஒன்றுசேர ஏறத்தாழ ஆறு வாரம் ஆகும். "குதிகாலில் மட்டும்" என்று சொல்லியிருந்தால் அதற்கென்று வேறு அமைப்பில் செருப்பு இருக்கிறது, அதை வாங்கிக்கொள்ளுங்கள். நான் சொல்வது, தையல் பிரித்து, தட்டையாக ஊன்றி நடக்கலாம் என்று அனுமதி கொடுத்த பிறகு போடுவதற்கு. எங்கள் மருத்துவரிடம் செருப்பைக் கொண்டுபோய்க் காட்டி, வளைத்துப் பார்க்கச் சொல்லி, அவர் சரி என்ற பிறகே அம்மா போட்டார்.

சர்க்கரை நோயால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்களுக்கு இதை வீட்டில் செய்யாதீர்கள். உரசினாலும் அழுத்தினாலும் அவர்களுக்குத் தெரியாது. அதற்கென்று பயிற்சி பெற்றவர்களிடம் எம்.சி.ஆர். செருப்பு செய்து வாங்குவதே நல்லது.

எம்.சி.ஆர். என்றதும் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நுண்ணிய காற்றறைகள் நிறைந்த மெத்தென்ற ரப்பர் அது. 1946-ல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் பாதத்தில் புண் ஏன் வருகிறது என்று ஆராய்ந்தார். உணர்ச்சி போன பாதத்தில் ஒரே இடம் திரும்பத் திரும்ப அழுத்தப்படுவதுதான் காரணம் என்று கண்டார். வேலூரிலும் பக்கத்தில் கரிகிரியிலும் நடந்த அந்த வேலையிலிருந்துதான் எம்.சி.ஆர். செருப்பு நம் ஊர்களில் பரவியது. அந்தச் செருப்பில் ஆணி அடிக்கக் கூடாது, ஒட்டவும் தைக்கவும் மட்டுமே செய்ய வேண்டும். நானும் அந்த விதியை அப்படியே வைத்துக்கொண்டேன்.

அளவு

சாயங்காலம் எடுங்கள், கட்டோடு எடுங்கள். காலையில் வடிந்திருக்கும் வீக்கம் சாயங்காலம் ஏறிவிடும். அம்மாவின் பாதம் 23.5 செ.மீ. கட்டும் வீக்கமும் சேர்த்து, செருப்பின் நீளம் 26 செ.மீ. என்று முடிவு செய்தேன்.

ஆனால் கட்டுப் போட்ட பாதத்தில் மூட்டு எங்கே இருக்கிறது என்று தெரியாது. அதற்கு நல்ல காலைப் பயன்படுத்தினேன். பாதத்தில் மஞ்சள் தண்ணீர் தடவி, காக்கித் தாளில் ஊன்றச் சொன்னேன். பெருவிரல் அடி மூட்டும் சுண்டுவிரல் அடி மூட்டும் திட்டாகப் பதிந்தன. தாளைத் திருப்பிப் பிடித்து ஜன்னல் வெளிச்சத்தில் கோடு போட்டால் வலது காலுக்கான வரைபடம் கிடைத்துவிடும்.

அடுக்குகள்

மேலிருந்து கீழே: 6 மி.மீ. எம்.சி.ஆர்., 4 மி.மீ. பிளைவுட், 20 மி.மீ. கெட்டி ஈ.வி.ஏ. (செருப்பு அடிக்குப் போடும் ஃபோம் ஷீட்), 3 மி.மீ. வரி போட்ட ரப்பர். மொத்தம் 33 மி.மீ.

பிளைவுட் எதற்கு என்று பலர் கேட்பார்கள். நடக்கும்போது செருப்பு விரல் மூட்டில் மடங்கினால், வெட்டி ஒட்டிய எலும்பும் சேர்ந்து மடங்கும். ஆகவே செருப்பு மடங்கவே கூடாது. முதலில் 1 மி.மீ. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தகடு வைத்தேன், சேலத்தில் அதற்கா பஞ்சம்! ஆனால் அந்த அளவுத் தகடு 160 கிராம் வந்தது, பிளைவுட் 50 கிராம்தான். நோயாளிக்கு ஒவ்வொரு அடிக்கும் அந்த எடையைத் தூக்க வேண்டும். போதாததற்குத் தகட்டின் ஓரம் எம்.சி.ஆரை அறுத்துக்கொண்டு வெளியே வந்தது. பிளைவுட்தான் சரி. தண்ணீர் தாங்கும் ரகமாக வாங்குங்கள். வெட்டிய ஓரம் முழுக்கப் பசை தடவி மூடுங்கள், இல்லையென்றால் ஏற்காட்டு ஈரத்தில் ஒரே மாதத்தில் ஊதிவிடும்.

குதிகால் பக்கம் உயரம் கூட்ட வேண்டாம். உயர்த்தினால் எடையெல்லாம் முன்பாதத்துக்கு வந்துவிடும்.

உருளும் கோடு: நான் தவறிய இடம்

மடங்காத செருப்பைப் போட்டுக்கொண்டு எப்படி நடப்பது? செருப்பின் அடி முன்பக்கம் படகு மூக்கு மாதிரி மேலேறி இருந்தால், பாதம் மடங்காமல் செருப்பே உருண்டு அடுத்த அடிக்குப் போகும். அந்த வளைவு எந்த இடத்தில் தொடங்க வேண்டும் என்பதில்தான் முழு விஷயமும் இருக்கிறது.

முதல் செருப்பில் குதிகாலிலிருந்து 18 செ.மீ.-ல் குறுக்கே ஒரு நேர்கோடு போட்டு, அங்கிருந்து முன்னால் சீவினேன். பார்க்க அழகாகத்தான் இருந்தது. அம்மா நாலு அடி வைத்துவிட்டு நின்றார். "உருளுது கண்ணு, ஆனா உருண்டு வந்து வெரல்லதான் நிக்குது" என்றார். எனக்குப் புரியவில்லை. வாசல் சிமெண்டுத் தரையில் கோலமாவை மெல்லிசாகத் தூவி, அதன்மேல் நடக்கச் சொன்னேன். செருப்பைத் திருப்பிப் பார்த்தால், 18 செ.மீ. கோட்டின் மேல் மாவு அப்பிக்கொண்டு பட்டையாக இருந்தது. மஞ்சள் தாளை அதன்மேல் வைத்தேன். அந்தப் பட்டை பெருவிரல் மூட்டுக்கு நேர் கீழே வந்தது. ஒவ்வொரு அடியிலும் அம்மாவின் மொத்த எடையும், அறுவை செய்த மூட்டின் மேலேயே ஏறி இறங்கியிருக்கிறது. அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

உருளும் கோடு மூட்டுக்குப் பின்னால், குறைந்தது 1 செ.மீ. தள்ளி இருக்க வேண்டும். பெருவிரல் மூட்டைவிடச் சுண்டுவிரல் மூட்டு பின்னால் இருப்பதால் கோடும் சாய்வாக வரும். அம்மாவுக்குப் பெருவிரல் பக்கம் 16.5, சுண்டுவிரல் பக்கம் 14.5, நடுவில் 15.5 செ.மீ. நடு அளவு, செருப்பு நீளத்தில் ஏறத்தாழ 60 சதவீதம். உங்கள் கணக்கு 55-க்கும் 60-க்கும் நடுவில் வந்தால் சரியான பாதையில் இருக்கிறீர்கள். 65-ஐத் தாண்டினால் மறுபடி அளந்து பாருங்கள்.

அந்தக் கோட்டிலிருந்து முன்நுனி வரை ஈ.வி.ஏ.வைச் சீராகச் சீவி, நுனியில் 3 மி.மீ. மட்டும் மிச்சம் வையுங்கள். முன்மூக்கு 17 மி.மீ. தூக்கி நிற்கும். அதற்கு மேல் தூக்க ஆசைப்பட வேண்டாம், வயதானவர்களுக்கு நிற்கும்போது தள்ளாடும். கோட்டுக்குப் பின்னால் அடிப்பாகம் தட்டையாகவே இருக்கட்டும். பின்குதிகால் ஓரத்தை மட்டும் 5 மி.மீ. அளவுக்கு வளைத்துவிடுங்கள்.

சீவுவதற்கு அகலமான கட்டர் பிளேடு, பிறகு முரட்டு உப்புத்தாள். கிரைண்டர் மெஷினைப் பலரும் சிபாரிசு செய்கிறார்கள், எனக்கு உடன்பாடில்லை. ஒரு நொடி அழுத்தினால் ஈ.வி.ஏ. குழியாகிவிடும். கையால் சீவினால் இரண்டு மணி நேரம் ஆகும், பரவாயில்லை.

பட்டைகள்

விரல் வளையம் கிடையாது. முன்பாதத்தில் ஒன்று, பாத மேட்டில் ஒன்று, குதிகாலுக்குப் பின்னால் ஒன்று என்று மூன்று பட்டை. இறக்கத்தில் கால் முன்னால் போகாமல் பிடிப்பது பாத மேட்டுப் பட்டைதான். அது 4 செ.மீ. அகலமாவது இருக்கட்டும், உள்ளே 5 மி.மீ. ஃபோம் வையுங்கள். ரெக்ஸின் வேண்டாம், வேர்த்து ஊறிவிடும். கான்வாஸ் துணி, உள்ளே பருத்தி. தழும்பு இருக்கும் உள்பக்க ஓரத்தில் தையலோ மடிப்போ வரவே கூடாது.

வெல்க்ரோவில் வீக்கம் ஏறி இறங்க 5 செ.மீ. கூடுதலாக விடுங்கள். பூட்டுவது வெளிப்பக்கத்தில் இருக்கட்டும். முள் பக்கத்தைப் பாதத்தைப் பார்த்துத் தைக்காதீர்கள், அது கட்டுத் துணியின் நூலை இழுக்கும். கட்டுப் பிரிப்பதற்குப் பத்து நாள் முன்னால் எங்களுக்கு அப்படி ஒரு முறை ஆயிற்று. அம்மா வலியில் துடித்ததைப் பார்த்த கையோடு எல்லாப் பட்டையையும் பிரித்து மாற்றித் தைத்தேன்.

ஒட்டுவது

ஒட்ட வேண்டிய இரண்டு பரப்பையும் உப்புத்தாளால் தேய்த்து, செருப்புப் பசையைத் தடவி, விரலில் ஒட்டாத பதம் வரும்வரை காயவிட்டு, ஒரே முறையில் சேர்த்து அழுத்துங்கள். இந்த வேலையைச் சேலத்தில் செய்யுங்கள். ஏற்காட்டில் பனிமூட்டத்தில் ஒட்டிய முதல் ஜோடி மூன்றாம் நாளே வாயைப் பிளந்தது. காலுக்குக் கொடுக்கும் முன் ஒரு நாள் முழுக்கக் கிடக்கட்டும், வாடையும் போய்விடும்.

இன்னொரு காலை மறக்காதீர்கள்

வலது செருப்பு 33 மி.மீ., இடது காலில் பழைய செருப்பு 15 மி.மீ. என்றால் 18 மி.மீ. வித்தியாசம். நாலைந்து நாளில் அம்மா இடுப்பைப் பிடித்துக்கொண்டார். பழைய செருப்பின் அடியில் 15 மி.மீ. ஈ.வி.ஏ.வும் 3 மி.மீ. ரப்பரும் ஒட்டினேன், சரியாகிவிட்டது. வளைவெல்லாம் அதற்குத் தேவையில்லை, உயரம் ஒன்றாக இருந்தால் போதும். இதைச் செய்யாமல் ஒற்றைச் செருப்பை மட்டும் கொடுத்து அனுப்பும் வழக்கம் மாற வேண்டும் என்று மனதார நினைக்கிறேன்.

போட்டுப் பழகுதல்

முதல் நாள் இருபது நிமிடம் போதும். கழற்றியதும் பாதத்தைப் பாருங்கள். சிவந்த இடம் அரை மணி நேரத்துக்குள் மறையவில்லை என்றால் அந்த இடத்தில் செருப்பு அழுத்துகிறது. மேல் எம்.சி.ஆரைப் பிரித்து அங்கே குடைந்து சரிசெய்துவிட்டு மறுபடி போடுங்கள்.

பின்சேர்க்கை 1: மெட்டியைக் கழற்ற மாட்டேன் என்கிறார் மாமியார், அதோடு போடலாமா என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். கூடாது அம்மா. வீக்கம் ஏறும்போது மெட்டி விரலை நெரித்துவிடும், பிறகு வெட்டித்தான் எடுக்க வேண்டும். கொலுசும் அப்படித்தான். எங்கள் அம்மாவும் முதலில் தயங்கினார். மெட்டியைக் குங்குமச் சிமிழுக்குள் போட்டுச் சாமி படத்தின் முன் வைத்துக் கொடுத்தேன், ஒப்புக்கொண்டார்.

பின்சேர்க்கை 2: மழையில் வழுக்குகிறது என்று இரண்டு பேர் எழுதியிருக்கிறார்கள். வரி போட்ட ரப்பரின் கோடுகள் நீளவாக்கில் போகும்படி ஒட்டியிருப்பீர்கள். குறுக்காக வரும்படி ஒட்டுங்கள், முன்மூக்கு வளைவிலும் சேர்த்து. செம்மண் அப்பினால் குச்சியால் சுரண்டிவிட்டு நடக்கச் சொல்லுங்கள். டயர் ரீட்ரெடிங் பட்டறை ரப்பரை ஒட்டலாமா என்றால், பிடிப்பு நன்றாக இருக்கும், ஆனால் எடை கூடும். நான் ஒட்டவில்லை.

பின்சேர்க்கை 3: எத்தனை நாள் போட வேண்டும் என்பதை மருத்துவர் எக்ஸ்ரே பார்த்துத்தான் சொல்ல வேண்டும். அம்மா இப்போது சாதாரணச் செருப்புக்கு மாறிவிட்டார். காப்பித் தோட்டத்துச் சரிவில் இறங்கும் நாளில் மட்டும் இந்தச் செருப்பைத் தேடுகிறார். அதற்காகப் பாத மேட்டுப் பட்டையை மட்டும் போன வாரம் புதிதாகத் தைத்துக் கொடுத்தேன்.